உள்ளூர்க் கோடை இசை விழாவில் வாசிக்க மகளுக்கு அழைப்பு வந்திருக்கிறது, சம்பளம் இல்லை. அனுப்பலாமா?

அனுப்புங்கள். மகளுக்கு 15 வயது, கர்நாடக வயலின், பள்ளித் தோழிகளோடு ஒரு குழு, இங்கிலாந்தில் ஓர் ஊர் விழாவின் சின்னக் கூடாரம், பணத்துக்குப் பதில் நுழைவுச் சீட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் ஒருவர் "காசு தராத இடத்துக்கு எதற்குப் போகணும்?" என்று கேட்டிருப்பார். இன்னொருவர் "கிடாரோடு சேர்ந்தால் கை கெட்டுப்போகும்" என்று சொல்லியிருப்பார். எங்கள் வீட்டில் இரண்டையும் கேட்டாயிற்று. அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது கேம்பிரிட்ஜில். என் மகன் சிறு வயதிலிருந்து மிருதங்கம் கற்றவன். பள்ளியில் ஃபிடில் (அதாவது நாட்டுப்புற பாணியில் வயலின்) வாசிக்கும் ஒரு பெண், ஒரு கிடார் பையன், பாடுகிற பெண் ஒருத்தி என்று நால்வர் சேர்ந்தார்கள். ஜிக் என்கிற ஐரிஷ் நடன மெட்டுதான் முதலில் பிடிபட்டது. அது ஆறு எட்டுக் கணக்கு, மும்மூன்றாக எண்ணுவது, இவனுக்குப் பழகிய திஸ்ர நடை. சுருதிதான் பாடாய்ப் படுத்தியது. மிருதங்கத்தைப் பாட்டுக்குப் பாட்டு மாற்றிக் கட்ட முடியாதே. கடைசியில் இரண்டு கட்டையில், அதாவது மேற்கத்திய இசையின் டி சுரத்தில், வைத்துக்கொண்டான். ஜி-யில் வரும் பாட்டுக்கு டி பஞ்சமம், அதாவது இணங்கி ஒலிக்கும் ஐந்தாம் சுரம், அதனால் காதை உறுத்தவில்லை. ஏ-யில் இருந்த ஒரு பாட்டு மட்டும் ஒட்டவே இல்லை. பாடுகிற பெண் முகம் சுளிக்காமல் அதை ஜி-க்கு இறக்கிப் பாடினாள். இவனுடைய வாத்தியாரிடம் இதைச் சொன்னபோது, "அடுத்தவருக்காகச் சுருதி யோசிக்கிறானா, நல்லது" என்றார். கை கெட்டுப்போகும் என்று சொன்ன உறவினருக்கு அதுவே என் பதில்.

முதல் மேடை பக்கத்துக் கிராமம் ஒன்றின் கோடை விழா. சாயங்காலமாகிவிட்டது, புல்லெல்லாம் ஈரம். தோல் தளர்ந்து சுருதி இறங்கிக்கொண்டே இருந்தது. கூடாரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து கல்லால் தட்டித் தட்டிச் சேர்த்தான். மேடையில் ஒரே ஒரு மைக். இரண்டு பக்கமும் வாசிக்கிற வாத்தியம் என்று ஒலி பார்ப்பவருக்குத் தெரியவில்லை, தாழ்ந்த ஒலி தரும் தொப்பிப் பக்கம் சுத்தமாகக் கேட்கவே இல்லை. மைக் ஸ்டாண்டுகளும் நின்று பாடுகிறவர்களுக்கானவை. தரையோடு தரையாக உட்கார்ந்திருந்த பிள்ளையைக் கூட்டத்தில் பாதிப் பேர் பார்த்திருக்கவே மாட்டார்கள். இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். ஆனால் அறிவிப்பாளர் மற்ற மூன்று பேரையும் ஊர்ப் பிள்ளைகள் என்று சொல்லிவிட்டு இவனை மட்டும் "இந்தியாவிலிருந்து வந்திருக்கிறார்" என்றார். கேம்பிரிட்ஜில் பிறந்தவன் அவன்! அவன் ஒன்றும் சொல்லவில்லை, நன்றாகத்தான் வாசித்தான். எனக்குத்தான் அன்றிரவு தூக்கம் வரவில்லை.

அப்புறம் ஒரு கோடையில், செர்ரி ஹின்டன் ஹால் பூங்காவில் நடக்கும் கேம்பிரிட்ஜ் நாட்டார் இசை விழாவுக்குப் போனோம். அங்கே வளரும் கலைஞர்களுக்கென்று 'தி டென்' என்ற கூடாரம் இருந்தது. உள்ளூர் நாட்டுப்புற இசை மன்றங்கள் நடத்தும் கிளப் கூடாரமும் இருந்தது. அதில் பெயர் கொடுத்து இடம் கிடைத்தால் யாரும் வாசிக்கலாம். இவர்கள் பெயர் கொடுத்தார்கள். அங்கே இருந்த பெரியவர் ஒருவர், "உன் வாத்தியத்துக்கு என்ன வேண்டும் தம்பி" என்கிற மாதிரி நிதானமாகக் கேட்டு, ஒரு பலகையைப் போட்டு உட்காரவைத்து, இரண்டு பக்கமும் மைக் வைத்தார். அறிமுகமும் நால்வருக்கும் ஒன்றுதான்: "இந்த ஊர்ப் பிள்ளைகள்." அந்த ஒரு வரிக்காக எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போயிருப்பேன்.

சின்னக் கூடாரத்தில் என்ன கௌரவம் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இந்த விழா 1965-இல் தொடங்கியது. நகர மன்றம் அந்தப் பொறுப்பைக் கொடுத்தது கென் வுல்லார்ட் என்ற உள்ளூர்த் தீயணைப்பு வீரரிடம். முதல் வருஷம் 1,400 சீட்டுகள்தான் விற்றன. கடைசி நேரத்தில் பட்டியலில் சேர்த்துக்கொண்ட இளைஞர், பின்னாளில் உலகப் புகழ் பெற்ற பாடகர் பால் சைமன். பெரிய மேடைகள் என்றைக்கும் இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். 2025-இல் இந்த விழா நடக்கவில்லை. 1982-இல் தொடங்கிய உலக இசை விழாவான வோமாடும் அதே வருஷம் இங்கிலாந்தில் நடக்கவில்லை. கிடைக்கிற மேடையில் பிள்ளை ஏறட்டும்.

பணம் பற்றி. "இலவசமாக வாசிக்கச் சொல்வது சுரண்டல்" என்று யாராவது கீழே எழுதுவார்கள். தொழில்முறைக் கலைஞர்களைப் பற்றி என்றால் முழுக்க ஒப்புக்கொள்கிறேன். உங்கள் மகள் விஷயம் வேறு. இங்கிலாந்தில் கட்டாயப் பள்ளி வயது தாண்டாத பிள்ளை மேடையில் வாசிக்கக் கவுன்சிலின் உரிமம் தேவைப்படலாம். கடந்த ஆறு மாதத்தில் மூன்று நாளுக்கு மேல் வாசித்திருக்கவில்லை, பள்ளிக்கு விடுப்பு எடுக்கவில்லை, செலவுத் தொகை தவிர சம்பளம் வாங்கவில்லை என்றால் பொதுவாக வேண்டியதில்லை. சம்பளம் கேட்டால் உரிமமும் கேட்க வேண்டிவரும். விழாக்காரர்களிடமும் கவுன்சிலிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பயணச் செலவை மட்டும் தயங்காமல் கேளுங்கள்.

கர்நாடக இசையின் தூய்மை பற்றிக் கவலைப்படுகிறவர்கள், மகள் கையில் இருக்கும் வாத்தியம் எங்கிருந்து வந்தது என்று நினைத்துப் பார்க்கட்டும். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் கற்றுத்தான் வயலினை நம் கச்சேரிக்குக் கொண்டுவந்தார்.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் சங்கம் ஒன்றின் பொங்கல் விழாவுக்கு இதே பிள்ளைகளைக் கூப்பிட்டார்கள். மாதக்கணக்கில் பயிற்சி எடுத்துப் போனார்கள். பொன்னாடையும் பேச்சும் நீண்டுகொண்டே போய், "நேரமில்லை, ஒரு பாட்டோடு முடித்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். மேடையில் இவர்கள் வாசிக்கும்போது சாப்பாட்டு வரிசை தொடங்கிவிட்டது. அந்த ஃபிடில் பெண் முதல் முறையாக நம் விழாவுக்குப் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அவள் அப்பா அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அரங்கேற்றத்துக்கு மண்டபம் நிறைய வருகிற நம் ஆட்கள், கூடாரத்தில் இவன் வாசித்தபோது ஒரு குடும்பம்கூட வரவில்லை. அழைப்பு எல்லோருக்கும் அனுப்பியிருந்தேன்.

சரி, உங்கள் விஷயம். மகள் தரையில் உட்கார்ந்து வாசிப்பாளா, நின்றா என்று இப்போதே முடிவு செய்யுங்கள். உட்கார்ந்து என்றால் உயரமான பலகையும் குட்டை ஸ்டாண்டும் வேண்டும் என்று மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள், வாய்ப்பேச்சு போதாது. எப்படி அறிமுகம் செய்ய வேண்டும் என்று இரண்டு வரியை மகளே எழுதி அனுப்பட்டும், அதில் ஊர்ப் பெயர் முதலில் வரட்டும். விழா கேம்பிரிட்ஜ் பக்கம் என்றால் தேதியைச் சொல்லுங்கள். எங்களிடம் குட்டை ஸ்டாண்ட் இரண்டு இருக்கிறது, எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு வருகிறோம்.