ஆர்எஃப் (ரேடியோ ஃப்ரீக்வன்சி) கேள்வி-பதில்: பிஏ (பவர் ஆம்ப்ளிஃபையர்) ஏன் இப்படிக் கொதிக்கிறது?

கேள்வி: 140 ஜிகாஹெர்ட்ஸ் ரேடியோவை முழுக்க சிமாஸிலேயே (வழக்கமான சிலிக்கான் சிப் தொழில்நுட்பம்) செய்யலாமா?

ரிசீவர் வரைக்கும் சரி. டிரான்ஸ்மிட்டரில்தான் இடிக்கும். எஃப்-மேக்ஸ் (டிரான்சிஸ்டர் பவரைப் பெருக்கக்கூடிய உச்ச ஃப்ரீக்வன்சி) 300 ஜிகாஹெர்ட்ஸ் என்றால் 140-ல் ஒரு ஸ்டேஜுக்கு ஆறேழு டிபி (டெசிபெல்) கெயின்தான், அதிலும் மேட்சிங் லாஸ் (ஸ்டேஜ்களை இணைக்கும் சர்க்யூட்டில் வீணாகும் பவர்) தன் பங்கைத் தின்றுவிடும். பவர் நிஜமாகவே வேண்டுமென்றால் இண்டியம் பாஸ்பைடு என்ற வேறு செமிகண்டக்டர் பக்கம் போங்கள். எவ்வளவு வேண்டும்? முதலில் லிங்க் பட்ஜெட் (அனுப்பும் பவரில் எவ்வளவு போய்ச் சேரும் என்ற கணக்கு) போடுங்கள்.

கேள்வி: 10 ஜிகாஹெர்ட்ஸ் சிந்தசைசரை (ஃப்ரீக்வன்சியை உருவாக்கும் சர்க்யூட்) 14 மடங்கு பெருக்கினால் போதும்தானே?

ஃபேஸ் நாய்ஸும் (சிக்னலின் ஃபேஸில் வரும் நடுக்கம்) 23 டிபி ஏறும். அதைத் தாங்குமா என்று பார்த்துவிட்டுப் பெருக்குங்கள்.

கேள்வி: பிஏ டேட்டாஷீட்டில் எஃபிஷியன்சி 40% என்று இருக்கிறது. என் போர்டில் ஏன் இப்படிச் சூடாகிறது?

இந்த 40%-ஐப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அது சாச்சுரேஷனில் (பிஏ தன் உச்ச பவரில் நிற்கும்போது), ஒற்றை டோன் கொடுத்து எடுத்த எண். நீங்கள் அனுப்புவது ஓஎஃப்டிஎம் (பல கேரியர்களைச் சேர்த்து அனுப்பும் சிக்னல்). உச்சம் சராசரியைவிட 10 டிபி மேலே போகும், கொஞ்சம் கிளிப் செய்தாலும் 8 டிபி பேக்-ஆஃப் (சராசரியை உச்ச பவருக்குக் கீழே இறக்கி வைப்பது) தேவை. கிளாஸ் பி-யிலேயே (அலையின் பாதியில் மட்டும் கரண்ட் ஓடும் பிஏ வகை) அந்த இடத்தில் 40% என்பது 16% ஆகிவிடும். சராசரியாக 1 வாட் வெளியே அனுப்ப 6 வாட் உள்ளே போகிறது, மிச்சம் 5 வாட் ஹீட்சிங்கில். என் முதல் போர்டும் இப்படித்தான்: டோனில் ஸ்பெக்ட்ரம் ஊசி மாதிரி நின்றது, மாடுலேஷன் போட்டதும் இரண்டு பக்கமும் தோள் எழும்பி, பக்கத்துச் சானலில் போய் உட்கார்ந்துகொண்டது. டிபிடி (பிஏ செய்யும் கோணலுக்கு எதிராக சிக்னலை முன்பே வளைத்துக் கொடுக்கும் டிஜிட்டல் வழி) போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். அது தோளைத்தான் அமுக்கும்; பேக்-ஆஃபைக் குறைக்க இடம் கொடுக்கும், அவ்வளவுதான். அப்புறம் 400 மெகாஹெர்ட்ஸ் சிக்னலுக்கு ஃபீட்பேக் பாதை 2 ஜிகாஹெர்ட்ஸ் பார்க்க வேண்டும், அங்கே இருக்கும் ஏடிசி (அனலாக் சிக்னலை டிஜிட்டலாக்கும் சிப்) தின்னும் பவரை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை! பேக்-ஆஃபிலும் எஃபிஷியன்சி விழாமல் இருக்க டோஹர்ட்டி என்ற இன்ஜினியர் 1936-லேயே இரண்டு ஆம்ப்ளிஃபையரைச் சேர்க்கும் ஒரு வழி சொன்னார், இன்னும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: ஏடிசி 12 பிட் போடட்டுமா?

ஒவ்வொரு பிட்டும் பவரை இரட்டிப்பாக்கும். 256 ஆன்டெனா, ஒவ்வொன்றுக்கும் தனி ஏடிசி என்றால் ஐந்தாறு பிட்டே பல நேரம் போதும். பக்கத்தில் பலமான பிளாக்கர் (குறுக்கிடும் வேறு சிக்னல்) இருந்தால் வேறு கதை.

கேள்வி: ரேஞ்ச் வரவில்லை. ஏன்?

ஃப்ரீக்வன்சி என்ன, பேண்ட்விட்த் என்ன, ஆன்டெனா என்ன, ஒன்றும் எழுதாமல் நான் என்ன ஜோசியமா பார்ப்பேன்? 20 மெகாஹெர்ட்ஸிலிருந்து 2 ஜிகாஹெர்ட்ஸுக்குத் தாவியிருந்தால் நாய்ஸ் மட்டுமே 20 டிபி கூடியிருக்கும். லிங்க் பட்ஜெட்டைப் போட்டு அனுப்புங்கள், பார்க்கிறேன்.