கொட்டகையில் நிற்கும் ஸ்போர்ட்ஸ் கார்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களும் வாங்க நினைப்பவர்களும் அனுப்பிய கேள்விகளில், பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: 1970-களில் வந்த இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி, வாரத்தில் மூன்று நாளாவது வேலைக்கு ஓட்டிச் செல்ல ஆசைப்படுகிறேன். ‘அதெல்லாம் பார்த்து ரசிக்கத்தான், ஓட்டினால் நடுவழியில் நின்றுவிடும்’ என்று நண்பர்கள் தடுக்கிறார்கள். யார் சொல்வது சரி?

பதில்: எந்தக் காரை வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அடிக்கடி ஓட்டப் போகிறவர் அபூர்வமான காரைத் தேடக் கூடாது. 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரைப் போன்ற மாடலுக்கு, வாட்டர் பம்ப்பிலிருந்து கதவுக் கைப்பிடி வரை பெரும்பாலான பாகங்கள் இன்றும் புதிதாகவே கிடைக்கின்றன. 1988 முதல் அதன் முழு பாடி ஷெல்லையே புதிதாகத் தயாரித்து விற்கிறார்கள். சில நூறு மட்டுமே செய்யப்பட்ட ஒரு காரில் பிரேக் சிலிண்டர் கசிந்தால், மாற்றுப் பாகம் தேடுவதிலேயே மாதங்கள் ஓடிவிடும். அந்த நிலைமையில் உங்கள் நண்பர்கள் சொன்னதுதான் பலிக்கும்.

வாங்கப் போகும் இடத்தில் இன்ஜின் சத்தத்தில் மயங்கிவிடாமல், காருக்கு அடியில் படுத்துப் பாருங்கள். இன்ஜினைப் பிரித்து வேலை செய்வதற்கு ஆகும் செலவை ஓரளவு முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம். துருப்பிடித்த பாடிக்கு அப்படி ஒரு கணக்குப் போடவே முடியாது. எம்ஜிபிக்குத் தனிச் சேஸி கிடையாது. கதவுகளுக்குக் கீழே முன்னும் பின்னுமாக ஓடும் பெட்டித் தகடுகள்தாம் காரின் பாரத்தில் பெரும்பகுதியைத் தாங்குகின்றன. அவை உள்ளிருந்தே அரிக்கும் என்பதால் வெளிப் பெயிண்ட் பளபளப்பாகவே இருக்கும். ஜாக்கி போட்டுத் தூக்கியதும் கதவின் இடுக்கு மாறினாலோ, மூடிய கதவு திறக்க மறுத்தாலோ, பேரம் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள். மெல்லிய துணியில் சுற்றிய காந்தம் ஒன்றைக் கையோடு கொண்டு போனால், தகட்டுக்குப் பதிலாகப் பட்டி அப்பியிருக்கும் இடங்களில் அது ஒட்டாமல் நழுவிக் காட்டிக் கொடுத்துவிடும்.

இன்னொன்று: பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபீவா, 30 ஆண்டு வயது ஆகியிருக்க வேண்டும் என்பதோடு, அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படாததாக இருக்க வேண்டும் என்பதையும் தன் வரையறையில் சேர்த்திருக்கிறது. பழைய கார்களுக்கென்று சலுகைக் கட்டணத்தில் தரப்படும் காப்பீடுகள் சிலவற்றிலும் இதே நோக்கில் நிபந்தனைகள் உண்டு. வேலைக்கு ஓட்டிச் செல்வதை உங்கள் பாலிசி அனுமதிக்கிறதா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

கேள்வி: என் கார் பெரும்பாலும் கொட்டகையில்தான் நிற்கிறது. ஞாயிறுதோறும் பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு நிறுத்துகிறேன். அண்மையில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தபோது, அதன் உட்புறத்தில் வெளிறிய மஞ்சள் நிறப் பசை படிந்திருந்தது. ஹெட் கேஸ்கட் போய்விட்டதா?

பதில்: முதலில் ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறதா என்று பாருங்கள். பிறகு டிப்ஸ்டிக்கை உருவி, அதில் ஒட்டியிருக்கும் ஆயில் தெளிவாக இருக்கிறதா, பால் கலந்ததுபோல் கலங்கியிருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீரும் குறைந்து, ஆயிலும் கலங்கியிருந்தால், இன்ஜின் பிளாக்குக்கும் அதன் தலைப்பகுதிக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டியதுதான். மெக்கானிக் பார்க்கும்வரை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். அவை இரண்டும் இல்லாமல் மூடியில் மட்டும் பசை என்றால், அதற்குக் காரணம் உங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பத்து நிமிடம்தான்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. அதில் பெரும்பகுதி சைலன்சர் வழியாகப் போய்விடும். சிறு பகுதி பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி, ஆயில் இருக்கும் அறைக்குள் இறங்கும். இன்ஜின் முழுச் சூட்டில் இருந்தால் அந்த ஈரம் தங்காமல் காற்றுப்போக்கி வழியே வெளியேறிவிடும். நின்ற இடத்தில் பத்து நிமிடம் ஓடும் இன்ஜினுக்கு அந்தச் சூடு வருவதில்லை. டேஷ்போர்டில் தண்ணீர்ச் சூட்டைக் காட்டும் முள் நடுவுக்கு வந்துவிட்டதைப் பார்த்து நாம் திருப்தியடைகிறோம்; ஆயிலோ அப்போதும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். குளிர்ந்த உலோகத்தில் படியும் ஈரம் ஆயிலோடு கலந்து பசையாகிறது. மூடியில் தெரிவது கொஞ்சம். கண்ணுக்குத் தெரியாத மிச்சம், எரிந்த வாயுவிலுள்ள அமிலங்களோடு சேர்ந்து பேரிங்குகளில் கை வைக்கிறது. போதாக்குறைக்கு, சோக்கை இழுத்தபடி ஓடும்போது எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள ஆயில் படலத்தைக் கழுவி இறக்கி, கீழே உள்ள ஆயிலையும் நீர்க்கச் செய்கிறது. சைலன்சருக்குள் தங்கும் தண்ணீர் அதை உள்ளிருந்தே துருப்பிடிக்க வைக்கிறது. அக்கறையோடு செய்யப்படும் காரியம் இது என்பதால்தான் இதன் கேடு பலருக்கும் உறைப்பதில்லை.

ஆகவே, ஸ்டார்ட் செய்தால் ஓட்டுங்கள். அரை மணி நேரத்துக்குக் குறையாமல், இன்ஜினுக்குக் கொஞ்சம் வேலை கொடுக்கும் வேகத்தில் ஓட்டுங்கள். அப்போதுதான் பிரேக் டிஸ்க்கில் படிந்த துரு தேய்ந்து போகும், காலிப்பர் பிஸ்டன்கள் இறுகாமல் இருக்கும், கிளட்ச் தட்டு ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்ளாது, கியர்பாக்ஸிலும் பின் ஆக்ஸிலிலும் உள்ள ஆயில் மேற்பகுதி வரை தெறித்துப் பரவும். சில மாதங்களுக்கு ஓட்டவே முடியாத சூழ்நிலை என்றால் இன்ஜினைத் தொடாமல் விடுவதே மேல்: பழைய ஆயிலை மாற்றிவிட்டு, பெட்ரோல் டேங்கில் காற்றுக்கு இடமில்லாமல் நிரப்பி, பேட்டரியைக் கழற்றி வைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்துச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து நிறுத்துங்கள்.

கேள்வி: டயர்களில் பட்டன் ஆழமாகவே இருக்கிறது, ஆனால் 15 ஆண்டு ஆகிவிட்டது. இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமா?

பதில்: கூடாது. ரப்பர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இறுகிக்கொண்டே போகும். ஈரச் சாலையில் பிடிமானம் இருக்காது, வேகத்தில் மேற்படலம் உரிந்து வரவும் கூடும். டயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள்: 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. எண் மூன்றே இலக்கமாக இருந்தால் அது 2000-க்கு முந்தைய டயர். அதோடு காரை வெளியே எடுக்கவே எடுக்காதீர்கள்.

கேள்வி: மெக்கானிக் ‘முழு சிந்தெட்டிக் ஆயில்தான் நல்லது’ என்கிறார். கிளப் நண்பரோ ‘பழைய கெட்டி ஆயிலைத் தவிர வேறு எதையும் ஊற்றாதே’ என்கிறார். எத்தனால் கலந்த பெட்ரோலைப் பற்றியும் பயமாக இருக்கிறது.

பதில்: ஆயில் சிந்தெட்டிக்கா இல்லையா என்பதைவிட, அதில் என்ன சேர்த்திருக்கிறார்கள் என்பதே முக்கியம். அக்காலத்து இன்ஜின்கள் பலவற்றில் கேம் ஷாஃப்ட், உருளை எதுவும் இல்லாத தட்டையான டேப்பட்டின் மேல் நேரடியாக உரசிச் சுழல்கிறது. அந்த உரசலைத் தாங்குவதற்கென்றே துத்தநாகமும் பாஸ்பரஸும் அடங்கிய ஒரு சேர்மத்தை ஆயிலில் கலந்தார்கள். பாஸ்பரஸ் புகையோடு போய், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கிறது என்பதால், அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் (ஏபிஐ) 2004-இல் வந்த எஸ்எம் தரம் மெல்லிய கிரேடு ஆயில்களில் அதன் அளவை 0.08 விழுக்காட்டுக்குள் அடக்கியது. புதிய கார்களுக்கு அது சரி. உங்கள் கேம் ஷாஃப்டுக்கு அது போதாது. பழைய கார்களுக்கென்று துத்தநாகம் கூட்டித் தயாரிக்கப்படும் 20டபிள்யூ-50 ஆயிலை, கையேடு வேறு கிரேடு சொல்லாதவரை, தயங்காமல் ஊற்றலாம். இந்த விஷயத்தில் உங்கள் கிளப் நண்பரின் பக்கமே நிற்கிறேன். ஏர்கூல்டு போர்ஷே 911 வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு: ஆயில் தனி டேங்கில் இருப்பதால், இன்ஜின் நன்கு சூடேறிய பின், சமதளத்தில், ஓடிக்கொண்டிருக்கும்போதே டிப்ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும், குளிர்ந்த நிலையில் பார்த்து ‘குறைகிறது’ என்று ஊற்றினால் அளவுக்கு மிஞ்சிவிடும்.

எத்தனால் பயம் நியாயமானது. அது முதலில் இன்ஜினைத் தாக்குவதில்லை, ரப்பர் ஹோஸ்களையே தாக்குகிறது. பழைய ரப்பர் உள்ளே ஊறி மெத்தென்றாகி, துகள் துகளாக உதிர்ந்து கார்புரேட்டர் ஜெட்டை அடைக்கும். வெளியே வெடிப்பு விட்டு, சூடான எக்ஸாஸ்ட்டுக்கு மேலேயே சொட்டத் தொடங்கும். பழைய கார்கள் தீப்பிடிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். எத்தனாலைத் தாங்கும் என்று அச்சிடப்பட்ட ஹோஸை டேங்க் முதல் கார்புரேட்டர் வரை ஒரே நாளில் மாற்றிவிடுங்கள். கொட்டகைக் கதவைத் திறந்ததும் பெட்ரோல் வாடை அடித்தால், கசியும் இடத்தைக் கண்டுபிடிக்கும்வரை சாவியைத் தொடாதீர்கள். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் என்பதால், டேங்கில் பெட்ரோல் மாதக்கணக்கில் தேங்காதபடி ஓட்டித் தீர்ப்பதே எல்லா மருந்துகளையும்விட நல்ல மருந்து.

கேள்வி: நல்ல வெயிலில் நெரிசலில் மாட்டும்போது கார் அணைந்துவிடுகிறது, கால் மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிறது. பெட்ரோல் கோளாறா, மின் கோளாறா?

பதில்: அணைந்த அந்த நேரத்திலேயே சோதித்தால்தான் தெரியும், ஆறிய பிறகு இரண்டும் சரியாகவே இருக்கும். டூல் பையில் ஒரு பழைய பிளக்கை வைத்துக்கொள்ளுங்கள். அணைந்ததும், கார்புரேட்டர் பக்கம் பெட்ரோல் கசிவோ வாடையோ இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, ஒரு பிளக் வயரைக் கழற்றி அந்தப் பழைய பிளக்கில் செருகி, அதன் உலோகப் பகுதி இன்ஜினைத் தொடும்படி வைத்து, ஒருவரை ஸ்டார்ட்டரைச் சுழற்றச் சொல்லுங்கள். பளிச்சென்று நீலப் பொறி வந்தால் சந்தேகம் பெட்ரோல் பக்கம் திரும்ப வேண்டும்: எக்ஸாஸ்ட் சூட்டில் பெட்ரோல் குழாயிலோ கார்புரேட்டர் கிண்ணத்திலோ ஆவியாகி ஓட்டம் தடைப்பட்டிருக்கும். கார்புரேட்டருக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் நடுவிலுள்ள வெப்பத் தடுப்புத் தகட்டை முந்தைய மெக்கானிக் யாராவது கழற்றி எறிந்திருக்கிறாரா என்று பாருங்கள். வியப்பாக இருக்கலாம், ஆனால் இது அடிக்கடி காணக்கூடிய ஒன்று.

பொறி மஞ்சளாக மங்கியிருந்தாலோ வராமலே போனாலோ, காயிலையும் டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள கண்டென்சரையும் சந்தேகியுங்கள். இரண்டுமே சூட்டில் செயலிழந்து, ஆறியதும் மீளக்கூடியவை. இன்று விற்கப்படும் கண்டென்சர்களின் தரம் ஏற்ற இறக்கமானது. ஆகவே நன்றாக வேலை செய்து கொண்டிருக்கும் பழையதைப் ‘புதிது போட்டாச்சே’ என்று வீசிவிடாமல் காரிலேயே வைத்திருங்கள். அடிக்கடி ஓட்டுபவர், பொறிக்காக மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயிண்டுகளுக்குப் பதிலாக, டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் மறைந்துவிடும் எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கு மாறுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. 1967 வரை வந்த எம்ஜிபி போன்ற கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைக்கப்பட்டிருக்கும். அதற்கேற்ற யூனிட்டைக் கேட்டு வாங்காவிட்டால் இணைத்த நொடியிலேயே கருகிவிடும். பாயிண்டுகள் பொருத்திய பழைய தட்டை 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இடைவெளிக்குச் சரிசெய்து டிக்கியில் வைத்திருந்தால், எலக்ட்ரானிக் யூனிட் கைவிட்டாலும் சாலையோரத்திலேயே மாற்றிக்கொண்டு வீடு வந்து சேரலாம்.

கேள்வி: பிரேக் பூஸ்டர், ஐந்து கியர் பெட்டி, ஆல்டர்னேட்டர் என்று மாற்றிக்கொண்டால் காரின் மதிப்பு குறையுமா?

பதில்: தகட்டில் துளை போடாமல், எதையும் வெட்டாமல் செய்யும் மாற்றம் பெரிய குறையாகாது, கழற்றிய பாகங்களைச் சீட்டு ஒட்டிப் பத்திரப்படுத்துங்கள். இரவிலும் நெரிசலிலும் ஓட்டுபவருக்கு ஆல்டர்னேட்டர் அவசியம் என்றே சொல்வேன், ஏனென்றால் பழைய டைனமோ ஐட்லிங்கில் அனேகமாகச் சார்ஜே செய்யாது. பூஸ்டரைப் பற்றி யோசிப்பதற்கு முன் பிரேக் ஆயிலை எப்போது மாற்றினீர்கள் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். வழக்கமான டாட் 4 திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேரச் சேரக் கொதிநிலை இறங்கி, நீண்ட இறக்கத்தில் பெடல் தரை வரை போய்விடும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள், பெயிண்ட் மேல் ஒரு சொட்டும் விழாமல்.

கேள்வி: 20 வயது மகன் ஓட்டக் கேட்கிறான். அவன் ஏபிஎஸ் உள்ள புதிய காரிலேயே ஓட்டிப் பழகியவன். கொடுக்கலாமா?

பதில்: கொடுங்கள், ஆனால் முதல் சில முறை நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். சக்கரம் பூட்டிக்கொண்டால் பிரேக்கைச் சற்றே விட்டு மறுபடி மிதிப்பதை ஆளில்லாத திடலில் செய்து பார்க்கச் சொல்லுங்கள். 1967-க்கு முந்தைய எம்ஜிபி போல முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் (ஓடும்போதே கியர் உரசாமல் விழ உதவும் அமைப்பு) இல்லாத காராக இருந்தால், கார் முழுவதும் நின்ற பிறகே முதல் கியரைப் போட வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதைவிட முக்கியமானது வளைவு. இன்ஜின் பின்னால் இருக்கும் பழைய 911-லும், 1970-இல் பின் சஸ்பென்ஷனைத் திருத்துவதற்கு முன் வந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயரிலும், வளைவின் நடுவில் பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரை விட்டால் எடை முன்னால் சாய்ந்து, பின் சக்கரங்கள் பிடியை இழந்து கார் சுழன்றுவிடும். புதிய காரில் பழகிய கால் அதைத்தான் தன்னிச்சையாகச் செய்யும். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்து, வளைவுக்குள் மெல்லிய ஆக்ஸிலரேட்டரோடு போவதை அவன் காலுக்குப் பழக்குங்கள். அது பழகும்வரை மழை நாளில் சாவியைக் கொடுக்க வேண்டாம்.