புகை வாசனை சிங்கிள் மால்ட்டுக்கு 50 பவுண்டு போதுமா?

கேள்வி: அண்ணா, நான் க்ளாஸ்கோவுல வேலை பாக்குறேன். ஆபீஸ்ல ஒருத்தர் ரிட்டயர் ஆனப்போ லாகவுலின் 16னு ஒரு 16 வருஷ ஸ்காட்ச் விஸ்கி ஊத்திக் கொடுத்தாங்க, அந்தப் புகை வாசனை ரொம்பப் பிடிச்சுப் போச்சு. கடையில விலை பாத்தா தூக்கிவாரிப் போடுது. 50 பவுண்டுக்குள்ள அதே மாதிரி புகையோட நல்ல சிங்கிள் மால்ட் எது? வாட்ஸப் குரூப்ல நம்ம ஆளு ஒருத்தர் "ஐலா தீவு விஸ்கி, 18 வருஷம், லிமிடெட் எடிஷன், 120 பவுண்டு, ரெண்டு வருஷத்துல டபுள் ஆகும்"னு சொல்றார், வாங்கலாமா? இல்ல டிசம்பர்ல ஊருக்குப் போறப்போ டூட்டி ஃப்ரீல எடுத்தா லாபமா?

பதில்: தம்பி, அந்த வாட்ஸப் ஆளுக்கு இன்னும் காசு அனுப்பலைனா தயவு செஞ்சு அனுப்பாதீங்க, அதைப் பத்திக் கீழ விரிவா சொல்றேன். உங்க முதல் கேள்விக்குப் பதில் சுலபம். 50 பவுண்டு தாராளம். புகைதான் வேணும்னா அதுக்கு மேல செலவு பண்ண வேண்டிய அவசியமே இல்ல.

ஏன்னு சொல்றேன். சிங்கிள் மால்ட்ங்கிறது ஒரே டிஸ்டில்லரியில, அதாவது ஒரே காய்ச்சுற ஆலையில, முளை கட்டின பார்லியை மட்டும் வச்சு எடுத்த விஸ்கி. பார்லியை ஊற வச்சு முளை கட்டி, ஈரம் காயுறதுக்கு முன்னாடி அடியில பீட் எரிச்சுப் புகை போடுவாங்க. பீட்ங்கிறது சதுப்பு நிலத்துல ஆயிரக்கணக்கான வருஷமா பாசியும் செடியும் மக்கி இறுகிப்போன மண்ணு, வெட்டிக் காய வச்சா விறகு மாதிரி எரியும். அந்தப் புகையில இருக்குற ஃபீனால்ங்கிற ரசாயனம்தான் பார்லியில ஒட்டிக்கிட்டு கடைசி வரைக்கும் வருது, டிங்சர் வாசனை, ஆஸ்பத்திரி வாசனை, கருவாடு சுட்ட வாசனைன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்களே அது இதுதான். ஆக புகை உள்ள வர்றது ஆரம்பத்துலயே. காய்ச்சுனதை வருஷக்கணக்கா வைக்கிற மரப் பீப்பாய்க்குள்ள போனதுக்கு அப்புறம் அது ஏறாது, வருஷம் ஆக ஆக அடங்கும். லஃப்ராய்க்னு இன்னொரு புகை விஸ்கி இருக்கு, அதுல பத்து வருஷத்தையும் 25 வருஷத்தையும் பக்கத்துல பக்கத்துல ஊத்தி மோந்து பாருங்க, பத்து வருஷத்துதான் சுள்ளுனு மூக்குல ஏறும், 25ல பழமும் மரமும் முன்னாடி வந்து நிக்கும், புகை பின்னாடி போயிடும். அது அருமையான சரக்குதான், ஆனா நீங்க கேட்டது அது இல்லயே. வயசான பாட்டிலுக்கு விலை கூடுறதுல நியாயமும் இருக்கு, பீப்பாய்ல இருந்து வருஷத்துக்கு சுமார் 2 சதவீதம் ஆவியாவே போயிடுது, அப்ப 16 வருஷம் வச்சிருந்தா எவ்வளவு மிஞ்சும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கலாம். அந்த நஷ்டத்தைத்தான் உங்க தலையில கட்டுறாங்க.

இப்ப விலைக் கணக்குக்கு வருவோம், இதை யாருமே கடையில நின்னு யோசிக்கிறது இல்ல. பிரிட்டன்ல 70 சென்டிலிட்டர் பாட்டில், ஆல்கஹால் 40 சதவீதம்னா, டூட்டிங்கிற மது வரி மட்டுமே ஒன்பது பவுண்டுக்கு மேல, அதுக்கு மேல 20 சதவீதம் வாட். 30 பவுண்டு பாட்டில் வாங்குனா வாட் 5, டூட்டி 9 சொச்சம், ஆக கிட்டத்தட்ட பாதி அரசாங்கத்துக்குப் போயிடுது. மிச்சம் இருக்குற 15, 16 பவுண்டுலதான் டிஸ்டில்லரி, பீப்பாய், கண்ணாடி, லாரி, கடைக்காரர் லாபம் எல்லாம் அடங்கணும். அதே நீங்க 45 பவுண்டு கொடுத்தா வாட் 7.50, 46 சதவீத சரக்குக்கு டூட்டி 10 சொச்சம், மிச்சம் 26, 27 பவுண்டு நிக்குது. அதாவது கூடக் கொடுத்த 15 பவுண்டுல பெரும்பகுதி நேரா விஸ்கி பக்கம் போகுது. அதனாலதான் 40ல இருந்து 50 பவுண்டு வரைக்கும் இருக்குற பாட்டில்கள்லதான் காசுக்குத் தகுந்த சரக்கு கிடைக்கும்னு கேக்குற எல்லார்கிட்டயும் சொல்றேன். 50ஐத் தாண்டிட்டா நீங்க கொடுக்குறது வயசுக்கும் பெயருக்கும் அட்டைப்பெட்டிக்கும்.

பாட்டில்ல நீங்க தேட வேண்டிய நம்பர் வயசு இல்ல, சதவீதம். 46ஓ அதுக்கு மேலயோ இருந்தா எடுங்க. 46க்குக் கீழ இறங்குனா குளிர்ல விஸ்கி கலங்கிடும், அது கெடுதல் ஒண்ணும் இல்ல, ஆனா ஜனங்க கெட்டுப்போச்சுன்னு திருப்பிக் கொடுக்குறாங்கன்னு கம்பெனிக்காரங்க அதைக் குளிர வச்சு வடிகட்டிடுவாங்க, வடிகட்டுறப்போ நாக்குல நிக்கிற அந்த எண்ணெய்ப் பதமும் கொஞ்சம் போயிடும். அது போக அளவையும் பாருங்க. 46 சதவீத 70 சென்டிலிட்டர் பாட்டில்ல தண்ணி கலந்து 40க்குக் கொண்டு வந்தா 805 மில்லி வரும். போர்ட் ஷார்லட் 10ங்கிற புகை விஸ்கி மாதிரி 50 சதவீதம்னா 875 மில்லி. 40 சதவீத பாட்டில்ங்கிறது பால்காரர் ஏற்கனவே தண்ணி ஊத்திக் கொண்டு வந்த பால் மாதிரி, அந்தத் தண்ணியை வீட்டுல நம்மளே ஊத்திக்கலாம்.

இதுக்கு ஒரு விலக்கு இருக்கு, அதைச் சொல்லாம விட்டா உங்களுக்குத்தான் நஷ்டம். லஃப்ராய்க் 10. இங்க கிடைக்கிறது வெறும் 40 சதவீதம்தான், வடிகட்டினது, கலருக்குக் கேரமல், அதாவது கருக்குன சர்க்கரை, சேத்தது, நான் மேல சொன்ன எல்லாத்துலயும் ஃபெயில். ஆனாலும் வாங்கலாம். காரணம், அந்த சரக்கோட புகை அவ்வளவு முரட்டுத்தனமானது, தண்ணி கலந்தும் அடங்கல, டிங்சரும் கடல் உப்பும் மூஞ்சியில அடிக்கிற மாதிரி இருக்கும். வேற எந்த டிஸ்டில்லரியோட சரக்கையும் 40க்கு இறக்குனா சப்புன்னு போயிடும், இது போறதில்ல. ஆனா முழு விலைக்கு வாங்காதீங்க. சூப்பர் மார்க்கெட்ல கிறிஸ்துமஸ் பக்கம், ஃபாதர்ஸ் டே பக்கம் விலையை இறக்குவாங்க, 30 பவுண்டை ஒட்டி வர்றப்போ எடுங்க, அந்த விலைக்கு இதுல இருக்குற புகை வேற எதுலயும் இல்ல. 40 பவுண்டைத் தாண்டி விலை போட்டிருந்தா தொடாதீங்க, இன்னும் கொஞ்சம் காசு போட்டா அதே டிஸ்டில்லரியோட குவார்ட்டர் காஸ்க்ங்கிற பாட்டில் வந்துடும், அது 48 சதவீதம். இதையே சாக்கா வச்சு "அப்ப போமோர் 12ம் 40தானே, அதையும் வாங்கலாமா"ன்னு கேக்காதீங்க. போமோர் நல்ல டிஸ்டில்லரி, ஆனா அதோட புகை மென்மை, 40ல இன்னும் மென்மையாயிடுது, லாகவுலின் குடிச்ச நாக்குக்கு அது பத்தாது. விலக்கு ஒண்ணே ஒண்ணுதான்.

பிபிஎம்னு, அதாவது பத்து லட்சத்துல இத்தனை பங்கு ஃபீனால்னு, ஒரு நம்பர் சொல்லி விப்பாங்க, அதுலயும் ஏமாறாதீங்க. அது பார்லியில அளந்த ஃபீனால், பாட்டில்ல அளந்தது இல்ல, காய்ச்சுறப்போ அதுல பெரும்பகுதி போயிடும். லாகவுலினும் குல் ஈலாங்கிற இன்னொரு டிஸ்டில்லரியும் பார்லியை முளை கட்டிக் கொடுக்குற போர்ட் எலன் மால்ட்டிங்ஸ்ல இருந்து ஏறக்குறைய ஒரே 35 பிபிஎம் பார்லியைத்தான் வாங்குறாங்க, ஆனா லாகவுலின் கனமா எண்ணெய்ப் பதமா இருக்கும், குல் ஈலா எலுமிச்சை மாதிரி லேசா இருக்கும். காய்ச்சுற பானையோட வடிவமும், காய்ச்சி வடியுறதுல எந்தக் கட்டத்துச் சரக்கை மட்டும் பிரிச்சு எடுக்குறாங்கன்றதும்தான் வித்தியாசம். ப்ரூக்லாடி டிஸ்டில்லரிக்காரங்க ஆக்டமோர்ங்கிற விஸ்கியில 300 பிபிஎம் தாண்டி கூட போட்டிருக்காங்க, அதனால அது மத்ததை விட அத்தனை மடங்கு புகைன்னு அர்த்தம் இல்ல. அப்புறம் ஐலா தீவுச் சரக்குன்னாலே புகைன்னு நெனச்சு புன்னஹாவன் 12 வாங்கிட்டு வந்து புலம்புனவங்க நிறைய, அதுல புகை கிடையாது.

வயசு போடாத பாட்டில்களைப் பத்தியும் ஒரு வார்த்தை, ஏன்னா இந்தச் சட்டத்தை நெனச்சா எனக்குக் கோவம் கோவமா வருது. சட்டப்படி பாட்டில்ல வயசு போட்டா உள்ள இருக்குறதுலயே ரொம்ப இளசான விஸ்கியோட வயசைத்தான் போடணும், அது சரி, ஏமாத்தாம இருக்கத்தான். ஆனா "இதுல இத்தனை சதவீதம் 12 வருஷம், இத்தனை சதவீதம் 5 வருஷம்"னு முழு உண்மையையும் ஒருத்தர் சொல்ல முன்வந்தா அதுக்கும் தடை. 2015ல காம்பஸ் பாக்ஸ்ங்கிற கம்பெனி தன்னோட கலவையில என்னென்ன வயசு விஸ்கி இருக்குன்னு வெளிப்படையா போட்டதுக்கு, ஸ்காட்ச் விஸ்கி சங்கத்துக்காரங்க எடுன்னு சொல்லிட்டாங்க. கேரமல் கலர் சேக்குறதை லேபிள்ல சொல்லணும்ங்கிற கட்டாயம் இங்க இல்ல, ஆனா உண்மையை முழுசா சொன்னா தப்பு! வாங்குறவன் கண்ணைக் கட்டி விடுறதுக்கு இதை விட என்ன வேணும். கலர் விஷயத்துக்கு மட்டும் ஒரு வழி சொல்றேன், ஜெர்மனியில கலர் சேத்தா லேபிள்ல போட்டே ஆகணும், அதனால அதே பாட்டிலை ஒரு ஜெர்மன் கடையோட சைட்ல தேடி "மிட் ஃபார்ப்ஷ்டோஃப்"னு இருக்கான்னு பாருங்க, இருந்தா கேரமல் உண்டு.

சரி, அந்த 120 பவுண்டு. முதல் விஷயம், லைசன்ஸ் இல்லாம மது விக்கிறது இங்க குற்றம், அவர் நம்ம ஆளுங்கிறதால அது மாறிடாது. ரெண்டாவது, "ஐலா சிங்கிள் மால்ட்"னு மட்டும் போட்டு டிஸ்டில்லரி பேர் போடாத பாட்டில்கள் கடையிலயே இருக்கு, சிலது நல்லாவும் இருக்கும், ஆனா அதை யாரும் சேத்து வச்சு டபுள் விலைக்கு வாங்க மாட்டாங்க. ரெண்டு வருஷத்துல டபுள்ங்கிறது 2021 வரைக்கும் சில அரிய பாட்டில்களுக்கு நடந்த கதை, 2022க்கு அப்புறம் ஏல விலை இறங்கிட்டுதான் வந்திருக்கு. ஏலத்துல வித்தாலும் கமிஷன், போட்டோவுக்கு ஒரு கட்டணம், அனுப்புற செலவு எல்லாம் போய்தான் உங்க கைக்கு வரும். லிமிடெட் எடிஷன்னு போட்டிருந்தா எத்தனை பாட்டில்னு கேளுங்க, முப்பதாயிரம் பாட்டில் போட்டுட்டும் லிமிடெட்னு அச்சடிக்கலாம், கேக்க நாதி இல்ல. பாட்டிலுக்குள்ள இருக்குற விஸ்கிக்கு வயசும் ஏறாது, பத்து வருஷம் பூட்டி வச்சாலும் 18 வருஷம் 18 வருஷம்தான்.

இந்த மாதிரி ஆளுங்களோட அடுத்த கட்டம் எனக்குத் தெரியும். பாட்டில் வாங்குனவங்ககிட்டதான் "பீப்பாயே வாங்குங்க, அஞ்சு வருஷத்துல லாபம்"னு வருவாங்க. மினுமினுன்னு ஒரு ஓனர்ஷிப் சர்டிஃபிகேட் கொடுப்பாங்க, அந்தக் காகிதத்துக்கு மதிப்பே கிடையாது. பீப்பாய் இருக்குறது வரி கட்டுறதுக்கு முன்னாடி சரக்கை வைக்கிற பூட்டின கிடங்குல, டெலிவரி ஆர்டர்னு ஒரு ஆவணம் போய், கிடங்குக்காரங்க தங்களோட கணக்குல உங்க பேரை ஏத்துனாத்தான் அது உங்களுது. ஒரே பீப்பாயைப் பல பேருக்கு வித்த கதையெல்லாம் போலீஸ் வரைக்கும் போயிருக்கு. கிடங்குக்கு நேரா போன் பண்ணி பீப்பாய் நம்பர் சொல்லிக் கேக்க விடாத எவர்கிட்டயும் ஒரு பென்னி கொடுக்காதீங்க. ஊர்ல சீட்டுக் கம்பெனியில போட்டு அழுததெல்லாம் பத்தாதா நமக்கு? கஷ்டப்பட்டு சம்பாதிச்ச காசு தம்பி.

டூட்டி ஃப்ரீ பத்தி. டூட்டியும் வாட்டும் இல்லைன்னா விலை பாதியா இருக்கணும், ஆனா இருக்காது, அந்தக் காசுல பெரும்பகுதி ஏர்போர்ட் கடைக்கே போகுது. அங்க இருக்குறதுல நிறைய "ட்ராவல் எக்ஸ்க்ளூசிவ்"னு வயசு போடாத பாட்டில்கள், வெளியில அதே பாட்டில் இல்லாததால விலையை ஒப்பிடவே முடியாது. ஒரு லிட்டர் பாட்டிலா இருந்தா விலையை 0.7ஆல பெருக்கி வெளிக்கடை விலையோட பாருங்க, சதவீதத்தையும் மறக்காம பாருங்க. ஒரு லிட்டர் ஆர்ட்பெக் 10ஓ லஃப்ராய்க்கோ இந்தக் கணக்குல குறைஞ்சு வந்தா எடுங்க, இல்லைன்னா ஊருக்குக் கொண்டு போறதையும் இங்கயே கடையில வாங்கி செக்கின் பெட்டியில துணி சுத்தி வச்சுடுங்க. இந்தியாவுக்குள்ள ஆளுக்கு 2 லிட்டர் வரைக்கும்தான் வரி இல்லாம போகும்.

பேர் சொல்லணும்னா, ஆர்ட்பெக் 10தான் என்னோட முதல் சிபாரிசு. 46 சதவீதம், வடிகட்டாதது, புகையும் எலுமிச்சையும் மிளகும் சரியா இருக்கும். லாகவுலின்தான் மனசுல இருக்குன்னா லாகவுலின் 8 பாருங்க, 2016ல அந்த டிஸ்டில்லரியோட 200வது வருஷத்துக்குக் கொண்டு வந்தது, 48 சதவீதம், 16ல இருந்த அந்த ஷெர்ரி ஒயின் இனிப்பு இருக்காது, புகை இன்னும் கூர்மை, சில நேரம் 50க்குக் கீழ இறங்கும். மல் தீவுல இருந்து வர்ற லெடெய்க் 10, 46.3 சதவீதம், கொஞ்சம் அழுக்கான புகை, சிலருக்குப் பிடிக்கவே பிடிக்காது, எனக்கு ரொம்பப் பிடிக்கும். எடுத்த எடுப்புல இவ்வளவு வேணாம்னா ஸ்கை தீவு டாலிஸ்கர் 10, 45.8, கிட்டத்தட்ட 46தான், ஆஃபர்ல அடிக்கடி வரும்.

முழு பாட்டில் எடுக்குறதுக்கு முன்னாடி நீங்க இருக்குற ஊர்லயே நல்ல விஸ்கி பார் இருக்கு, வாரநாள்ல கூட்டம் இல்லாதப்போ போய் ஆர்ட்பெக், லெடெய்க், போர்ட் ஷார்லட் மூணும் 25 மில்லி கேளுங்க. ஐஸ் வேணாம், சோடா வேணாம். முதல்ல ராவா ஒரு வாய், அப்புறம் ஒரு ஸ்பூன் தண்ணி விட்டு ஒரு வாய். எது பிடிக்குதோ அந்த பாட்டிலை வாங்கி வெயில் படாத அலமாரியில நிமிர்த்தி வைங்க, படுக்க வச்சா சரக்கு பட்டுக் கார்க் கெட்டுடும். பாதிக்குக் கீழ இறங்கிடுச்சுன்னா சில மாசத்துல முடிச்சுடுங்க, காத்து பட்டா அந்தப் புகை மங்கிடும்.