ஆராய்ச்சிப் பொறியியல் ஆலோசகர் இரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் எவற்றைத் திருத்தக் கேட்க வேண்டும்?

கேள்வியில் நீங்கள் தந்திருக்கும் விவரம் இது: கோவையில் ஒரு பம்ப் நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து விலகித் தனி ஆலோசகராகத் தொழில் தொடங்கியிருக்கிறீர்கள். முதல் வாடிக்கையாளர் புதிய இம்பெல்லர் (பம்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் சக்கரம்) வடிவமைப்புக்காக உங்களை அழைத்து, ஓர் ஒப்பந்தத்தை அனுப்பியிருக்கிறார். பணியின்போது நீங்கள் அறியவரும் எல்லாத் தகவல்களும், உருவாக்கும் எல்லாப் படைப்புகளும் நிறுவனத்துக்கே உரியவை, இரகசியம் காக்கும் கடமைக்குக் கால வரம்பு கிடையாது, பணி முடிந்தபின் 2 ஆண்டுகளுக்கு வேறு எந்தப் பம்ப் நிறுவனத்துக்கும் வேலை செய்யக் கூடாது என்று அதில் இருக்கிறது. அப்படியே கையெழுத்திடலாமா என்று கேட்கிறீர்கள்.

அப்படியே இட வேண்டாம். உங்கள் கவலை முழுவதும் அந்த 2 ஆண்டுத் தடையின் மேல் இருக்கிறது. என் கணக்கில் அதைவிட ஆபத்தானது முதல் வாக்கியத்தில் இருக்கும் 'எல்லா' என்ற சொல். நான் வழக்கறிஞன் அல்லன். சுழல் இயந்திரங்களின் அதிர்வு, உலோகச் சோர்வு ஆகியவற்றில் தனி ஆலோசகராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்துவருபவன் என்ற அளவில் சொல்கிறேன்.

உங்கள் பணியில் மூன்று வகைச் சரக்கு ஒரே கணினிக் கோப்புறைக்குள் வந்து சேரும். வாடிக்கையாளர் தரும் வரைபடங்கள், வேன் (இம்பெல்லரின் இறக்கை) கோணங்கள், டெஸ்ட் பெட் (பம்பை ஓட்டிச் சோதிக்கும் மேடை) அளவீடுகள், ஃபவுண்டரியில் எத்தனை வார்ப்புகள் கழிக்கப்படுகின்றன என்ற கணக்கு, அடக்க விலை ஆகியவை ஐயத்துக்கு இடமின்றி அவர்களுடையவை. வேர் ரிங் (இம்பெல்லரைச் சுற்றியிருக்கும், தேய்ந்தால் மாற்றக்கூடிய வளையம்) இடைவெளியை எவ்வளவு வைக்கலாம் என்று கணிக்கும் உங்கள் எக்செல் தாள், சிமுலேஷனுக்கு நீங்கள் எழுதிவைத்திருக்கும் பைத்தான் நிரல், எந்த இடத்தில் மெஷ்ஷை (சிமுலேஷன் கணக்கிடும் கட்ட வலையை) நெருக்க வேண்டும் என்ற பழக்க அறிவு ஆகியவை இவர்களைச் சந்திப்பதற்கு முன்பே உங்களிடம் இருந்தவை. (பழைய நிறுவனத்தின் சம்பளத்தில் இருந்தபோது எழுதிய தாளும் நிரலும் இந்தப் பட்டியலில் வாரா, அவற்றைப் புதிதாக எழுதிக்கொள்ளுங்கள்.) இந்த இரண்டும் சேர்ந்து பிறக்கும் புதிய வேன் வடிவமும் அறிக்கையும் மூன்றாவது வகை. 'எல்லாம் நிறுவனத்துக்கே' என்று எழுதப்பட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் இரண்டாவது வகையும் அவர்கள் பக்கம் போய்விட்டது என்று வாதிட இடமிருக்கிறது. அதே எக்செல் தாளை அடுத்த வாடிக்கையாளரிடம் திறக்கும்போது நீங்கள் ஒப்பந்தத்தை மீறியவராகக் கருதப்படலாம். கால வரம்பும் இல்லாததால் அந்தப் பயம் ஓய்வு பெறும்வரை தொடரும்.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது ஓர் இணைப்புப் பட்டியல். நிரலின் பெயர், அது என்ன செய்யும் என்று ஒரு வரி, கடைசியாக மாற்றப்பட்ட தேதி, இவ்வளவு போதும். உள்ளே இருப்பதைக் காட்ட வேண்டியதில்லை. முதல் தொழில்நுட்பக் கூட்டத்துக்கு முன்பே அதை மின்னஞ்சலில் அனுப்பி, ஒப்பந்தத்தின் இணைப்பாகவும் சேர்க்கச் சொல்லுங்கள். ஒப்படைக்கும் வடிவமைப்புக்குள் உங்கள் முறை ஏதேனும் கலந்திருந்தால் அதைத் தங்கள் உற்பத்தியில் நிரந்தரமாக, கூடுதல் கட்டணமின்றிப் பயன்படுத்திக்கொள்ளலாம், தனியே எடுத்து விற்கக் கூடாது என்று ஓர் உரிமமும் கொடுத்துவிடுங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் இதற்கு உடனே ஒப்புக்கொள்ளும், ஏனெனில் அவர்களுக்கு வேண்டியது பம்ப்தான், உங்கள் எக்செல் தாள் அன்று.

அடுத்தது இரகசியம் என்பதன் வரையறை. ஏற்கனவே பொதுவெளியில் இருப்பது, உங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது, மூன்றாம் நபரிடமிருந்து முறையாகக் கிடைத்தது, நீங்கள் தனியாக உருவாக்கியது ஆகிய நான்கும் இரகசியம் ஆகா என்றும், நீதிமன்ற ஆணைப்படி வெளியிடுவது மீறல் ஆகாது என்றும் எழுதச் சொல்வது வழக்கமான கோரிக்கை. வாய்மொழித் தகவல்தான் தொல்லை. டெஸ்ட் பெட்டில் நிற்கும் மேற்பார்வையாளர், "இம்பெல்லரை ரெண்டு எம்.எம். ட்ரிம் பண்ணினா சத்தம் அடங்கிடும் சார், நாங்க எப்பவும் அப்படித்தான்" என்று சொன்னால் அது நிறுவனத்தின் இரகசியமா, ஊருக்கே தெரிந்த கைப்பழக்கமா? வாயால் சொன்னதை 30 நாளுக்குள் எழுத்தில் உறுதிசெய்தால்தான் அது இரகசியமாகக் கருதப்படும் என்ற ஒரு வரி இந்தக் குழப்பத்தைத் தீர்க்கும். காலத்தைப் பொறுத்தவரை, பொதுவான தகவலுக்கு 3 முதல் 5 ஆண்டுகள், உண்மையான வணிக இரகசியத்துக்கு அது இரகசியமாக இருக்கும்வரை என்று பிரித்துக் கேளுங்கள்.

கடமை இருபக்கமும் இருக்க வேண்டும் என்பதை வற்புறுத்துவேன். வணிக இரகசியத்துக்கென்று இந்தியாவில் இன்னும் தனிச் சட்டம் இல்லை. சட்ட ஆணையம் 2024 மார்ச்சில் தந்த 289ஆவது அறிக்கையில் அப்படி ஒன்றைப் பரிந்துரைத்தது. இப்போதைக்கு ஒப்பந்தமும், நம்பிக்கை மீறல் பற்றிய பழைய தீர்ப்புகளும்தான் துணை. அவற்றில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது 1968இல் இங்கிலாந்தில் தீர்ப்பான கோகோ எதிர் கிளார்க் வழக்கு. கோகோ மொபெட் எஞ்சின் ஒன்றை வடிவமைத்து, அதைத் தயாரிப்பது பற்றிக் கிளார்க் நிறுவனத்துடன் பேசினார், பேச்சு முறிந்தது, நிறுவனம் தானே ஓர் எஞ்சினைச் செய்தது. தகவல் இரகசியத் தன்மை உடையதா, இரகசியம் காக்க வேண்டிய சூழலில் தரப்பட்டதா, அனுமதியின்றிப் பயன்படுத்தப்பட்டதா என்ற மூன்று கேள்விகளை நீதிபதி மெகாரி அந்த வழக்கில்தான் வகுத்தார். ஆனால் கோகோ கேட்ட தடையாணை கிடைக்கவில்லை. எதைத் தந்தோம், எப்போது தந்தோம் என்பதற்கு அழுத்தமான சான்று இல்லாதவர் நிலை அப்படித்தான் ஆகும். நீங்களும் முதல் கூட்டத்திலேயே யோசனைகளைக் கொட்டிவிட்டு வருபவராக இருந்தால், வேலை கிடைக்காமல் போன பிறகு அந்த யோசனை மட்டும் பம்பில் ஓடுவதைப் பார்க்க நேரலாம்.

பழைய நிறுவனத்துக்கு வருவோம். புதிய வாடிக்கையாளர் இயல்பாகவே, "அங்கே இதை எப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்பார். உங்கள் தேர்ச்சியும் அனுபவமும் உங்களோடு வரலாம். வரைபடம், சோதனைத் தரவு, வாடிக்கையாளர் பட்டியல் ஆகியவை வரக் கூடாது. வேறு எவருடைய இரகசியத்தையும் ஆலோசகர் இப்பணியில் பயன்படுத்த மாட்டார், நிறுவனமும் அதைக் கேட்காது என்று ஒரு ஷரத்தை நீங்களே முன்வந்து சேர்த்தால், அந்தக் கேள்விக்குச் சங்கடமில்லாமல் பதில் சொல்ல அதுவே போதும்.

இனி 2 ஆண்டுத் தடை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, ஒருவர் சட்டப்படியான தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது; ஒரு வணிகத்தை அதன் நற்பெயரோடு விற்பது மட்டும் விலக்கு. ஒப்பந்தக் காலத்துக்குள் விதிக்கப்படும் தடை வேறு. டயர் கார்டு நூல் ஆலையில் 5 ஆண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்து, பாதியில் போட்டி நிறுவனத்துக்குப் போன ஷிஃப்ட் மேற்பார்வையாளரை அந்தக் காலம் முடியும்வரை தடுத்த ஆணையை உச்ச நீதிமன்றம் 1967இல் கோலிகாரி வழக்கில் உறுதிசெய்தது. ஒப்பந்தம் முடிந்த பின்னும் தொடரும் கட்டுப்பாடு செல்லாது என்பதைக் கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் தொடர்பான 2006 வழக்கில் அதே நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. ஆக, அந்த ஷரத்து நீதிமன்றத்தில் பெரும்பாலும் நிற்காது. அதற்காக இருக்கட்டுமே என்று விட்டுவிடாதீர்கள்; செல்லாத ஷரத்தைக் காட்டி ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினாலே உங்கள் அடுத்த வாடிக்கையாளர் தயங்கிவிடுவார். பணி நடக்கும் காலத்தில் மட்டும், பெயர் குறிப்பிட்ட இரண்டு மூன்று போட்டியாளர்களுக்கு, அதே பம்ப் வகையில் வேலை செய்ய மாட்டேன் என்று மாற்றிக் கொடுங்கள். அவர்களுடைய நியாயமான கவலை அதோடு தீர்ந்துவிடும்.

படைப்புரிமையில் உங்கள் கை ஓங்கியிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. ஊழியர் செய்யும் வேலைக்கு முதல் உரிமையாளர் முதலாளி. தனி ஆலோசகர் எழுதும் அறிக்கைக்கும் நிரலுக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் பதிப்புரிமை பொதுவாக ஆலோசகருக்கே. பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிக்காவிட்டால் 5 ஆண்டுகள், இடம் குறிக்காவிட்டால் இந்தியா மட்டும் என்று கொள்ளப்படும். எனவே நிறுவனத்துக்கு உங்கள் கையெழுத்து தேவை. முழுக் கட்டணமும் வந்துசேர்ந்த நாளில்தான் உரிமை மாறும் என்ற நிபந்தனையை அதற்கு ஈடாகக் கேளுங்கள். எனக்குத் தெரிந்து, பாக்கித் தொகையை வரவைக்க இதைவிடச் சாதுவான வழி வேறில்லை.

காப்புரிமை விஷயத்தில் அவர்கள் கறாராக இருப்பது சரியே. விண்ணப்பம் போடுமுன் நீங்கள் ஒரு மாநாட்டில் கட்டுரை படித்தால் புதுமை என்ற தகுதியே போய்விடக்கூடும். வெளியிடுமுன் 60 நாள் அவகாசம் தருகிறேன், அதற்குள் விண்ணப்பித்துக்கொள்ளுங்கள் என்பது இருவருக்கும் ஏற்ற ஏற்பாடு. கண்டுபிடிப்பாளராக உங்கள் பெயர் வர வேண்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பணம் பற்றிச் சுருக்கமாக: வேலை தொடங்குமுன், குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசின் உத்யம் பதிவைச் செய்துகொள்ளுங்கள். குறு, சிறு நிறுவனமாகப் பதிந்தவருக்கு 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. ஜி.எஸ்.டி. தனி என்பதைக் கட்டண வரியிலேயே எழுதிவிடுங்கள்.

மிஞ்சுவது இழப்பீடு. உங்கள் பொறுப்பு இந்தப் பணிக்கு நீங்கள் பெற்ற கட்டணத்தைத் தாண்டாது, உற்பத்தி நின்றதால் வந்த இலாப இழப்பு அதில் சேராது என்று உச்சவரம்பு கேளுங்கள். இரகசிய மீறலுக்கு மட்டும் வரம்பு வேண்டாம் என்று அவர்கள் சொல்வார்கள். வேண்டுமென்றே செய்த மீறலுக்கு மட்டும் அதை ஒப்புக்கொள்ளலாம். அப்படி ஒப்புக்கொள்ளுமுன் உங்கள் கணினியைப் பாருங்கள்: அவர்களுடைய வரைபடம் வாட்ஸ்அப்பில் வந்து தானாகவே கூகுள் டிரைவில் ஏறியிருக்கிறதா, அறிக்கையைச் செப்பனிட ஏதேனும் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் ஒட்டினீர்களா என்று. பணி முடிவில் எல்லாப் பிரதிகளையும் அழித்துவிட்டேன் என்று எழுதித்தரச் சொல்லும் ஷரத்து உங்கள் ஒப்பந்தத்திலும் இருக்கும். தானியங்கிக் காப்புப் பிரதிகளுக்கு விலக்கும், பின்னாளில் தகராறு வந்தால் காட்ட ஒரு பிரதியைப் பூட்டிவைத்துக்கொள்ளும் உரிமையும் அதில் கேட்டு வாங்குங்கள்.