பிலிப்பிச் சபையின் இரண்டு பெண்கள்

கேள்வி: எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியக் கூட்டம் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு வீட்டில் நடக்கும். இந்த ஆண்டு புதிய ஏற்பாட்டில் உள்ள கடிதங்களான நிருபங்களைப் படிக்கலாம் என்று முடிவு செய்தோம். வாரம் பத்து வசனம். ஆளுக்கொரு வசனம் வாசித்துக் கருத்துச் சொல்வோம். போன அறுப்பின் பண்டிகை ஏலக் கணக்கில் எங்கள் கூட்டத்தின் மூத்த பெண்கள் இருவருக்குள் வாக்குவாதம் வந்தது. அன்று முதல் இருவரும் முகம் பார்ப்பதில்லை. இப்போது யார் எந்த வசனத்துக்குக் கருத்துச் சொன்னாலும் அது எதிரே இருப்பவரைக் குத்துவதாகவே முடிகிறது. இதற்கிடையில் நர்சிங் படிக்கும் ஒரு பெண், “யாரோ யாருக்கோ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு எழுதிய கடிதம், நமக்கு எதற்கு?” என்று கேட்டுவிட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. நிருபங்களை எப்படிப் படிப்பது, எதில் தொடங்குவது? பேசாமல் கூட்டத்தையே நிறுத்திவிடலாமா, ஐயா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கருங்கல்

அன்புள்ள சகோதரிக்கு,

கூட்டத்தை நிறுத்த வேண்டாம். படிக்கும் முறையை மாற்றுங்கள். பிலிப்பியர் நிருபத்தில் தொடங்குங்கள். ஏன் பிலிப்பியர் என்பதை விளக்கமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தைப் படித்தவுடன் அந்த நிருபத்தின் நான்காம் அதிகாரம்தான் என் நினைவுக்கு வந்தது.

முதலில் அந்த நர்சிங் மாணவியைப் பற்றி. அவள் சரியாகத்தான் கேட்டிருக்கிறாள். தயவுசெய்து அவளை யாரும் அடக்கிவிடாதீர்கள். அப்போஸ்தலர் பவுல் இந்த நிருபத்தை எழுதியபோது உங்கள் கருங்கல் ஊரை நினைத்து எழுதவில்லை. பிலிப்பி என்ற ஊரில், தமக்கு நன்கு தெரிந்த மனிதர்களுக்கு, சிறையில் இருந்தபடி எழுதினார். இதை ஒப்புக்கொள்வதில் விசுவாசத்துக்கு எந்தக் குறைவும் இல்லை. உங்கள் கூட்டத்தின் சிக்கலே இதை மறந்ததால் வந்ததுதான் என்று நினைக்கிறேன். கடிதம் எழுதியவரும் வாங்கியவரும் மறைந்துபோனால் மிஞ்சுவது தனித்தனி வசனங்கள். தனி வசனத்தை யார் வேண்டுமானாலும் கையில் எடுத்து யார்மீது வேண்டுமானாலும் எறியலாம். இன்னாருக்கு, இன்ன நிலைமையில் சொன்னது என்று தெரிந்த பிறகு அப்படி எறியக் கை வராது.

வசன எண்களைப் பவுல் போடவில்லை. அதிகாரப் பிரிவு 13-ஆம் நூற்றாண்டில் வந்தது. புதிய ஏற்பாட்டுக்கு இன்று நாம் பயன்படுத்தும் வசன எண்களை 1551-இல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகர் போட்டார். தேடி எடுக்க அவை மிகவும் உதவுகின்றன. ஆனால் பத்துப் பத்தாக வெட்டி, ஆளுக்கொன்றாகப் பங்கிட்டால் கடிதம் எங்கே தொடங்கி எங்கே போகிறது என்பது யாருக்கும் தெரியாமல் போய்விடும். புத்தாண்டுக்கு எடுக்கும் வாக்குத்தத்த வசனத்தை நான் குறை சொல்லவில்லை. ஒற்றை வசனத்தைப் பிடித்துக்கொண்டு நோயையும் கடனையும் கடந்து வந்தவர்கள் நம் வீடுகளில் நிறைய இருக்கிறார்கள். ஆனால் அது ஆறுதல் தேடுவது, நீங்கள் கேட்டிருப்பதோ படிப்பது. இரண்டுக்கும் முறை வேறு.

பிலிப்பியர் நிருபம் நான்கு அதிகாரம், 104 வசனம். நிதானமாக உரக்க வாசித்தால் இருபது நிமிடம் ஆகலாம். முதல் வெள்ளிக்கிழமை ஒரே ஒருவர் அதை முழுவதும் வாசிக்கட்டும். மற்றவர்கள் வேதாகமத்தை மூடி வைத்துவிட்டுக் காதால் மட்டும் கேட்கட்டும். முதன்முதலில் சபைகள் அப்படித்தான் கேட்டன. தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தின் முடிவில், இதை எல்லாச் சகோதரருக்கும் வாசித்துக் காட்ட வேண்டும் என்று பவுல் ஆணையிட்டே சொல்கிறார். கையில் பிரதி வைத்திருந்தவர்கள் மிகச் சிலர். ஒருவர் வாசிக்க, வீடு நிறையக் கேட்டார்கள்.

இப்போது அந்த வீட்டுக்குள் போவோம். பிலிப்பியில் முதலில் கூடியவர்களே பெண்கள்தான் என்று அப்போஸ்தலர் 16-ஆம் அதிகாரம் சொல்கிறது. ஆற்றங்கரையில் ஜெபிக்கக் கூடியிருந்தவர்களோடு பவுல் பேசினார். தியத்தீரா ஊரைச் சேர்ந்த, இரத்தாம்பரம் என்ற செந்நீலத் துணி விற்கும் லீதியாள் தன் வீட்டைத் திறந்துவிட்டாள். அந்தச் சபை பிறகு பவுலுக்குப் பணம் சேர்த்து, எப்பாப்பிரோதீத்து என்பவர் கையில் கொடுத்து அனுப்பியது. போன இடத்தில் அவர் சாகும் அளவுக்கு நோயில் விழுந்தார். பிழைத்து எழுந்ததும் அவருடைய கவலை தம் உடம்பைப் பற்றியது அல்ல. தாம் நோயாக இருந்த செய்தி ஊருக்குத் தெரிந்துவிட்டதே என்றுதான் தவித்தார் என்கிறார் பவுல் (2:26). கணவனையோ மகனையோ வளைகுடாவுக்கு அனுப்பிவிட்டு, ஆஸ்பத்திரியில் படுத்ததை மறைத்தவனோடு போனில் பேசிய பெண்கள் உங்கள் கூட்டத்தில் நிச்சயம் இருப்பார்கள். அந்த வசனத்துக்கு விளக்கவுரையைவிட அவர்கள் சொல்வது மேலாக இருக்கும். அவர்களைப் பேசவிடுங்கள்.

குணமான எப்பாப்பிரோதீத்துவைத் திருப்பி அனுப்பும்போது பவுல் எழுதிய கடிதம் இது. கூடியிருந்த அனைவரும் கேட்க அது வாசிக்கப்படுகிறது. நான்காம் அதிகாரத்தின் தொடக்கத்தில் இரண்டு பெண்களின் பெயர் வருகிறது: எயோதியாள், சிந்திகேயாள். இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்திருப்பார்கள். கர்த்தருக்குள் ஒரே சிந்தையாக இருங்கள் என்று பெயர் சொல்லிக் கேட்டுக்கொள்கிறார். அவர்களுக்குள் என்ன தகராறு என்பதை அவர் எழுதவே இல்லை. கேட்டவர்கள் எல்லாருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும், எழுதியவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் யார் பக்கம் நியாயம் என்று ஒரு சொல் இல்லை. எயோதியாளிடம் கேட்டதையே சிந்திகேயாளிடமும் தனியாகக் கேட்கிறார். ஒருத்தி இறங்கி வரட்டும், மற்றவள் காத்திருக்கட்டும் என்று விடவில்லை. அடுத்து, பெயர் சொல்லாமல் ஒரு கூட்டாளியை அழைத்து, இவர்களுக்கு உதவி செய் என்கிறார். உடனே அந்தப் பெண்களைப் பற்றிச் சொல்வதைக் கவனியுங்கள். சுவிசேஷத்துக்காக என்னோடு சேர்ந்து பாடுபட்டவர்கள் இவர்கள், இவர்களுடைய பெயர்கள் ஜீவபுஸ்தகத்தில் இருக்கின்றன என்கிறார். சபை நடுவே இருவரின் சண்டையைத் தொட்டவர், அதே மூச்சில் அவர்களுடைய உழைப்பையும் சபை நடுவே நிறுத்திவிட்டார்.

உங்கள் ஊரில் மூத்த பெண்கள் இருவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் எத்தனை ஆண்டு ஞாயிறு பள்ளிக்குப் பிள்ளைகளைக் கூட்டி வந்தார்கள், எத்தனை துக்க வீட்டில் இரவெல்லாம் உட்கார்ந்தார்கள் என்பதைக் கடைசியாக யார் எப்போது சொன்னார்கள்? ஏலத்தில் போன குலையின் கணக்கை மட்டும்தானே எல்லாரும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்?

முழுவதும் வாசித்தால்தான் தெரியும் இன்னொன்று இருக்கிறது. இரண்டாம் அதிகாரத்தில் கிறிஸ்து தம்மை வெறுமையாக்கி, அடிமையின் ரூபமெடுத்து, சிலுவை மரணம் வரை தம்மைத் தாழ்த்தினார் என்ற பெரிய பகுதி வருகிறது. குருத்தோலை ஞாயிறன்று பல சபைகளில் வாசிப்பார்கள். அதை உபதேசப் பகுதி என்று தனியாக எடுத்து வைத்துவிட்டோம். ஆனால் அது தொடங்குவது எப்படி? வாதினாலும் வீண் பெருமையினாலும் எதையும் செய்யாதீர்கள், மற்றவரை உங்களைவிட மேன்மையாக எண்ணுங்கள், உங்களுக்குரியதை மட்டும் பார்க்காமல் மற்றவர்களுக்குரியதையும் பாருங்கள் என்றுதான். கிறிஸ்துவின் தாழ்மையைப் பற்றி இவ்வளவு உயரமாகப் பேசியதே ஒரு சின்னச் சபை தனக்குள் ஒத்துப்போவதற்காக. எயோதியாளும் சிந்திகேயாளும் தங்கள் பெயர் வருவதற்கு முன்பே இதைக் கேட்டுவிட்டார்கள். விசுவாச வாழ்க்கை என்றால் உபவாசமும் முழு இரவு ஜெபமும்தான் என்று எண்ணி, பக்கத்தில் இருப்பவளோடு நடந்துகொள்ளும் விதத்தை அதற்கு வெளியே வைப்பது இந்த நிருபத்தில் செல்லாது. பவுலுக்கு அது வெளியே இல்லை.

இனி பணம். கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு என்ற வசனம் (4:13) நம் மாவட்டத்தில் ஆட்டோவின் பின்பக்கத்தில் இருக்கும், பரீட்சைக்குப் போகும் பிள்ளையின் பென்சில் பெட்டியிலும் இருக்கும். அது வரும் இடத்தைப் பாருங்கள். காணிக்கை வந்து சேர்ந்தது என்று பவுல் எழுதும் நன்றிப் பகுதி அது. நிறைவாகவும் இருந்திருக்கிறேன், பட்டினியும் கிடந்திருக்கிறேன், இரண்டிலும் இருக்கக் கற்றுக்கொண்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் அந்த வரியை எழுதுகிறார். தொடர்ந்து, தொடக்கத்தில் வேறு எந்தச் சபையும் கொடுக்காதபோது நீங்கள்தான் கொடுத்தீர்கள், தெசலோனிக்கேயில் இருந்தபோதும் ஒன்றிரண்டு தடவை அனுப்பினீர்கள், இப்போது எப்பாப்பிரோதீத்து கையில் வந்ததும் கிடைத்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார். கிட்டத்தட்ட ஒரு ரசீது. இரண்டாம் கொரிந்தியர் 8-ஆம் அதிகாரத்தில் இன்னும் தெளிவு. எருசலேமின் ஏழைகளுக்காகத் திரட்டிய பணத்தில் யாரும் குற்றம் சொல்ல இடம் வரக் கூடாது என்று, தம் உடன் ஊழியர் தீத்துவோடு சபைகள் தெரிந்தெடுத்த சகோதரரையும் சேர்த்து அனுப்புகிறார். அப்போஸ்தலர் என்பதால் என்னை நம்புங்கள் என்று அவர் சொல்லவில்லை. ஆகவே ஏலக் கணக்கை வேதபாடத்துக்குச் சம்பந்தமில்லாத விஷயமாக ஒதுக்காதீர்கள். இருவருக்கும் பொதுவான ஒருவர், சபையின் பொருளாளரோ மூப்பர் ஒருவரோ, நோட்டை வாங்கி வரவு செலவைச் சரிபார்த்து எழுதிக் கொடுக்கட்டும். இது முடியாமல் ஒரே சிந்தை என்று பேசிக்கொண்டிருந்தால் அந்தப் பெண்களுக்கு அது வலிக்கத்தான் செய்யும்.

மாணவியின் கேள்விக்குத் திரும்புகிறேன். நமக்கு எழுதாத கடிதத்தை வாசிக்கும் பழக்கம் நாம் தொடங்கியது அல்ல. கொலோசெயர் நிருபத்தின் முடிவிலேயே, இதை வாசித்த பின் லவோதிக்கேயா ஊர்ச் சபைக்குக் கொடுங்கள், அங்கிருந்து வருவதை நீங்கள் வாசியுங்கள் என்று இருக்கிறது. நம் கடற்கரையைப் பற்றியே ஒரு கடிதம் உண்டு, அவளிடம் சொல்லுங்கள். 1544 ஜூனில் மணப்பாட்டிலிருந்து பிரான்சிஸ் சவேரியார் தம் உடன் ஊழியர் மான்சிலாஸுக்கு எழுதியது. கன்னியாகுமரிக் கிறிஸ்தவர்கள் தாக்குதலுக்குத் தப்பிக் கடல் பாறைகளில் ஒதுங்கிப் பசியிலும் தாகத்திலும் சாகிறார்கள் என்று அறிந்து, இருபது தோணிகளோடு உதவிக்குப் புறப்பட்டு, எதிர்க்காற்றால் போய்ச் சேர முடியாமல் திரும்பியதைச் சொல்கிறார். மான்சிலாஸுக்குத்தான் எழுதினார். ஆனாலும் கன்னியாகுமரிக்காரர் ஒருவர் அதை யாருக்கோ எழுதிய கடிதம் என்று தள்ளிவிட முடியுமா?

பிலிப்பிக்கே இன்னொரு கடிதமும் வந்தது. இரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில், சிமிர்னா சபையின் பேராயர் பொலிகார்ப்பு எழுதியது. அது வேதாகமத்தில் இல்லை, ஆனால் இன்றும் கிடைக்கிறது. பவுல் எழுதி அரை நூற்றாண்டுக்கும் மேலான பிறகு அதே சபையில் மறுபடி ஒரு மனவருத்தம். இம்முறை வாலென்ஸ் என்ற மூப்பரும் அவருடைய மனைவியும் பணஆசையில் விழுந்துவிட்டார்கள். பொலிகார்ப்பு பணஆசையைக் கடுமையாகக் கண்டிக்கிறார். அந்த இருவருக்காக மிகவும் வருந்துகிறேன், கர்த்தர் அவர்களுக்கு மனந்திரும்புதலைத் தரட்டும், அவர்களை எதிரிகளாக எண்ணாமல் நோயுற்று வழிதவறிய அவயவங்களாக எண்ணித் திரும்ப அழையுங்கள் என்றும் எழுதுகிறார். ஆதிச் சபை என்றால் சண்டையே இல்லாத சபை என்று பிரசங்கங்களில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கலாம். எனக்கு இது பெரிய தைரியத்தைத் தந்திருக்கிறது. தவறியவர்களையும் கோபித்தவர்களையும் விட்டுவிடாமல் வைத்துக்கொண்டே அந்தச் சபைகள் வாழ்ந்தன.

பிலிப்பியர் முடிந்ததும் பிலேமோனுக்குப் போங்கள். 25 வசனம், ஒரே மாலையில் முடியும். எஜமானிடமிருந்து பிரிந்துபோன ஒநேசிமு என்ற அடிமையை, இனி அடிமையாக அல்ல, பிரியமான சகோதரனாக ஏற்றுக்கொள் என்று எஜமானுக்கே பவுல் எழுதுகிறார். அதுவும் தனியாக அல்ல, அப்பியாள், அர்க்கிப்பு, அந்த வீட்டில் கூடும் சபை ஆகியோரையும் சேர்த்து விளித்து. வேறு நிருபங்களில் அடிமைகள் எஜமானுக்குக் கீழ்ப்படியுங்கள் என்று வரும் இடங்களை உங்கள் கூட்டம் தாண்டிப் போகக் கூடாது என்பது என் கருத்து. திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்தது 1855-இல். பெண்கள் மேலாடை அணியும் தோள்சீலை உரிமைக்கான அரசாணை வந்தது 1859-இல். அந்த நாட்களில் அடிபட்டவர்களின் கொள்ளுப்பேத்திகள் நீங்கள். அந்த வசனங்களைப் பிலேமோனோடு பக்கத்தில் வைத்து, சங்கடப்பட்டாலும் பரவாயில்லை, பேசுங்கள்.

பவுல் பெயர் சொல்லாமல் அழைத்த அந்தக் கூட்டாளியின் இடம் உங்கள் ஊரில் உங்களுக்குத்தான் வந்திருக்கிறது. தீர்ப்புச் சொல்லும் வேலை அதில் இல்லை. கணக்கு சரிபார்த்த பிறகு, கூட்டத்துக்கு முன்பே இருவர் வீட்டுக்கும் தனித்தனியாகப் போங்கள். அடுத்த வாரம் பிலிப்பியரை முழுவதும் வாசிக்கப் போகிறோம், நான்காம் அதிகாரத்தில் இரண்டு பெண்களின் பெயர் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கூட்டத்தில் திடீரென்று கேட்டு அவர்கள் தலைகுனிய வேண்டாம். வாசிக்கும் பொறுப்பை நர்சிங் மாணவிக்குக் கொடுங்கள். எயோதியாள், எப்பாப்பிரோதீத்து போன்ற பெயர்கள் நாவில் தடுக்கும். வீட்டில் இரண்டு முறை உரக்க வாசித்துப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். முதல் வாரம் வாசித்து முடித்ததும் கருத்துக் கேட்காதீர்கள். இந்தக் கடிதம் வந்தபோது அந்த வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று மட்டும் கேளுங்கள்.