பார்க்க மட்டும்தான் செய்கிறேன்

அன்புள்ள சார்,

கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டீம் லீடாக இருக்கிறேன். எனக்குக் கீழே எட்டுப் பேர். கிளையன்ட் நியூ ஜெர்சியில். எங்கள் வேலை நேரம் மதியம் 12 மணியிலிருந்து இரவு 9 மணி வரை. ஒன்பதுக்கு லேப்டாப்பை மூடிவிடுவேன். ஆனால் போனில் மெயில் பார்ப்பதை நிறுத்த முடியவில்லை. சாப்பிடும்போது, பையனைத் தூங்கவைக்கும்போது, படுக்கும் முன்னால், சில நாள் நடுராத்திரியில் விழித்தாலும். பெரும்பாலும் பதில் போடுவதில்லை. பார்க்கிறேன், அவ்வளவுதான். எல்லாவற்றையும் கூட்டினால் பத்து நிமிஷம்கூட வராது. ஆனால் தூக்கம் போய்விட்டது. "நீ இங்கதான் இருக்கே, ஆனா இல்ல" என்கிறார் கணவர். இத்தனைக்கும் இரவில் மெயில் பார் என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை, அதுதான் வேடிக்கை. இது என் மனப் பலவீனமா? போன் அடிமைத்தனமா? தியானம் செய், சனி ஞாயிறு போனைத் தொடாதே என்று தோழிகள் சொல்கிறார்கள். முயன்றேன். ஞாயிறு ராத்திரி வந்தால் கலைந்துவிடுகிறது. திங்கட்கிழமை வேலைப் பட்டியலை ஞாயிறு இரவே டீமுக்கு அனுப்பிவைப்பது என் வழக்கம். வேலையை விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது.

ம.
கோவை

அன்புள்ள ம.,

யாரும் சொன்னதில்லை என்பதை வேடிக்கை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் சிக்கலே அங்கேதான் இருப்பதாகப் படுகிறது.

முதலில் அந்தப் பத்து நிமிஷக் கணக்கைத் தள்ளிவைப்போம். வேலையால் வரும் கேட்டை நாம் மணிக்கணக்கில்தான் அளந்து பழகியிருக்கிறோம். உலகச் சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் வெளியிட்ட ஆய்வு அப்படிப்பட்டது. வாரத்தில் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம் என்றது அது. இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி சொன்ன 70 மணி நேரம், எல் அண்ட் டி தலைவர் சுப்பிரமணியன் சொன்ன 90 மணி நேரம் என்று நம் ஊரில் நடந்த சண்டையும் மணிக்கணக்குச் சண்டைதான். இந்தத் தராசில் உங்களை நிறுத்தினால் வாரம் 45 மணி நேரம், கூடவே இரவில் சில நிமிஷம். ஒரு குறையும் இல்லை என்று சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

லியூபா பெல்கின், வில்லியம் பெக்கர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் சகாக்களோடு சேர்ந்து 2016-இலும் 2018-இலும் வெளியிட்ட ஆய்வுகள் உங்களுக்கு நெருக்கமானவை. வேலை நேரத்துக்குப் பிறகு மெயிலில் எவ்வளவு நேரம் செலவானது என்பது ஒரு பக்கம் இருக்க, பார்த்தாக வேண்டும் என்ற எதிர்பார்ப்பு தலைக்கு மேல் இருக்கிறது என்ற நினைப்பே ஆளைக் களைக்கச் செய்கிறது என்றார்கள். மெயில் வராத இரவிலும் அது வேலை செய்கிறது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தவருக்குக் கதை கேட்க முடியுமா? பொங்கினாலும் பொங்காவிட்டாலும் காது அங்கேதான் இருக்கும். இரண்டாவது ஆய்வில் வாழ்க்கைத்துணையையும் சேர்த்து அளந்தார்கள். பாதிப்பு அவர்கள் வரைக்கும் போயிருந்தது. உங்கள் கணவர் சொன்னதைக் குத்தலாக எடுத்துக்கொள்ளாதீர்கள், கண்ணால் கண்டதைச் சொல்லியிருக்கிறார்.

இனி அந்த எதிர்பார்ப்பு யாருடையது என்று பார்க்கலாம். நியூ ஜெர்சிக்காரர் மதிய உணவு முடித்து இரண்டு மணிக்கு உட்கார்ந்து ஒரு மெயில் தட்டுகிறார். உங்களுக்கு அப்போது இரவு பதினொன்றரை, குளிர்காலமென்றால் பன்னிரண்டரை. அவர் உங்களை எழுப்பவில்லை. தன் மேஜையைக் காலி செய்கிறார், அவ்வளவுதான். நாளைக்குள் பார்த்தால் போதும் என்பது அவர் நினைப்பு. அதை அவர் எழுதவில்லை, எழுத வேண்டும் என்றே அவருக்குத் தோன்றியிருக்காது. லாரா ஜூர்ஜ், வனெஸா போன்ஸ் என்ற இருவர் 2021-இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தைத்தான் பிடித்தது. அவசரமில்லாத மெயிலுக்கு எவ்வளவு சீக்கிரம் பதில் வேண்டும் என்று அனுப்பியவர் நினைக்கிறாரோ, அதைவிடச் சீக்கிரம் வேண்டும் என்றே பெறுபவர் எடுத்துக்கொள்கிறார். வேலை நேரத்துக்கு வெளியே வந்த மெயில்களை வைத்துத்தான் பார்த்திருக்கிறார்கள். இது அவசரமில்லை, உங்களுக்குத் தோதான நேரத்தில் பார்க்கலாம் என்று அனுப்புபவர் ஒரு வரி சேர்த்தபோது அந்த இடைவெளி குறைந்தது. ஒரே ஒரு வரி!

பார்க்கத்தானே செய்கிறேன், பதில் போடவில்லையே என்ற உங்கள் சமாதானத்தையும் நான் ஏற்கமாட்டேன். பதில் போட்டால் ஒரு காரியம் முடிகிறது. பார்த்துவிட்டு வைத்தால் அது முடியாமல் உள்ளே நிற்கிறது. வேலை முடிந்தபின் மனமும் வேலையை விட்டு விலகவேண்டும், அந்த விலகலில்தான் மறுநாளுக்கான தெம்பு திரும்புகிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் சபீனே சொன்னென்டாக் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார். "பில்டு உடைந்துவிட்டது, காலையில் பேசுவோம்" என்ற ஒரு வரியை, அதாவது மென்பொருளைத் தொகுத்துக் கட்டும் வேலை தோற்றுவிட்டது என்பதை, இரவு 11:40-க்குப் படித்தால் என்ன ஆகும்? கையில் லேப்டாப் இல்லை, சரிசெய்யவும் முடியாது, யாரிடமும் கேட்கவும் முடியாது. காலை வரை மண்டைக்குள் அதை நீங்களே கட்டிக் கட்டி உடைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

தோழிகள் சொல்வது முழுக்கத் தப்பு என்று சொல்லமாட்டேன். பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 124 பேரை ஒரு வாரம் நாளைக்கு மூன்று முறை மட்டும் மெயில் பார்க்கச் சொன்னார்கள், இன்னொரு வாரம் இஷ்டம்போல் பார்க்கவிட்டார்கள். குறைத்துப் பார்த்த வாரத்தில் மன அழுத்தம் குறைந்திருந்தது. சரி, நல்ல விஷயம்தான். ஆனால் எதிர்பார்ப்பு அப்படியே இருக்க, ஆளை மட்டும் போனிலிருந்து விலக்கினால் அது ஞாயிறு ராத்திரி வரைக்கும்தான் தாங்கும். உங்களுக்கு நடந்ததும் அதுதான். உங்கள் பலவீனம் என்று இதில் எதுவும் எனக்குத் தெரியவில்லை. அலுவலகம் வாய்திறந்து பேசவேண்டிய ஒன்றைப் பேசாமல் விட்டுவிட்டு, ஊழியரை மூச்சுப்பயிற்சிக்கு அனுப்புவது எனக்கு எரிச்சலூட்டும் வழக்கம்.

பேசியவர்கள் இருக்கிறார்கள். ஜெர்மன் கார் நிறுவனமான ஃபோக்ஸ்வாகனில் 2011-இல் ஊழியர் பிரதிநிதிகள் நிர்வாகத்தோடு ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். வேலை முடிந்து அரை மணி நேரத்தில் சர்வர் பிளாக்பெர்ரி போன்களுக்கு மெயில் தள்ளுவதை நிறுத்திவிடும், மறுநாள் வேலைக்கு அரை மணி முன்னால் திரும்பத் தொடங்கும். தொழிற்சங்க ஒப்பந்தத்துக்குள் வரும் ஜெர்மனி ஊழியர்களுக்கு மட்டும், மேலதிகாரிகளுக்கு இல்லை. இதில் எனக்குப் பிடித்தது, யாருடைய மன உறுதியையும் நம்பாமல் மெயில் வராமலே செய்துவிட்டதுதான். இன்னொரு ஜெர்மன் கார் நிறுவனமான டைம்லர் இன்னும் ஒரு படி போனது. விடுப்பில் இருப்பவருக்கு வரும் மெயில் அழிக்கப்பட்டுவிடும், அனுப்பியவருக்கு வேறு யாரைக் கேட்கலாம் என்று பதில் போகும். விரும்பியவர்கள் மட்டும் அந்த வசதியை வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தது.

சட்டங்களும் வந்தன. பிரான்சில் 2017 ஜனவரி 1 முதல், 50 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் வேலை நேரத்துக்குப் பிறகான மெயில், போன் பற்றி ஊழியர்களோடு பேசியாக வேண்டும். 2021-இல் போர்ச்சுகல் பந்தை முதலாளி பக்கம் தள்ளியது: ஊழியரின் ஓய்வு நேரத்தில் தொடர்புகொள்ளாமல் இருப்பது அவர் கடமை. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதல், நியாயமான காரணம் இல்லாதபோது வேலை நேரத்துக்கு வெளியே மெயிலைப் பார்க்கவும் மறுக்கலாம், பதில் போடவும் மறுக்கலாம். 'பார்க்கவும்' என்று சட்டத்திலேயே இருக்கிறது, கவனியுங்கள்.

நம் நாட்டில் மக்களவை உறுப்பினர் சுப்ரியா சுலே 2018-இல் இப்படி ஒரு தனிநபர் மசோதா, அதாவது அமைச்சரல்லாத உறுப்பினர் தரும் மசோதா, கொண்டுவந்தார். இங்கே தனிநபர் மசோதா ஒன்று கடைசியாகச் சட்டமானது 1970-இல். அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டம் 1947-இலிருந்தே நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்கிறது. ஆனால் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு அது பொருந்தாது, டீம் லீட் அந்தப் பட்டியலில் வருவாரா என்பது வக்கீல்களுக்கான விவாதம். 2023-இல் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா சட்டப்பேரவையில் நிறைவேறியபோது எதிர்ப்பு கிளம்பியது, பத்து நாளில் அரசு திரும்பப் பெற்றது. பன்னிரண்டு மணி நேரத்தை எண்ணிக் காட்டலாம், கொடி பிடிக்கலாம். ராத்திரி தலையணைக்கு அடியில் இருக்கும் போனுக்கு எந்த வருகைப் பதிவேடு? ஐடி என்றில்லை, பள்ளி ஆசிரியரிலிருந்து வங்கிக் கிளை மேலாளர் வரை வாட்ஸாப் குழுவில் ராத்திரி பத்து மணிக்கு "நோட்டட் சார்" போட்டுக்கொண்டிருப்பவர்கள் எத்தனை பேர்! முதல் ஆள் போட்டுவிட்டால் மற்றவர்கள் போடாமல் இருக்க முடியாது.

இப்போது உங்களுக்குக் கொஞ்சம் கசப்பாக இருக்கலாம். நியூ ஜெர்சிக்காரர் உங்களுக்கு எப்படியோ, அந்த எட்டுப் பேருக்கு நீங்கள் அப்படி. ஞாயிறு இரவு பட்டியல் அனுப்புவது உங்களுக்கு ஒரு பாரம் இறங்குவது. அவர்களுக்கு அந்த நேரத்தில்தான் ஏறுகிறது. அதில் ஒருவராவது, யாரும் சொல்லவில்லை ஆனாலும் பார்க்கிறேன் என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பார். அவர்களிடம் நீங்கள் எதிர்பார்ப்பது என்ன? ஒன்றுமே இல்லை, திங்கட்கிழமை மதியம் பார்த்தால் போதும், அப்படித்தானே? அதை அவர்களிடம் சொல்லியிருக்கிறீர்களா?

அங்கிருந்தே தொடங்கலாம் என்பது என் கருத்து. பட்டியலை ஞாயிறே எழுதுங்கள், அது உங்கள் மனசுக்கு இதமென்றால். ஆனால் திங்கள் மதியம் 12 மணிக்குப் போகும்படி நேரம் குறித்து வையுங்கள், ஜிமெயில், அவுட்லுக் இரண்டிலும் அந்த வசதி இருக்கிறது. டீமைக் கூட்டி, ஒன்பதுக்கு மேல் மெயிலும் டீம்ஸ் செயலியும் யாரும் பார்க்க வேண்டாம், உண்மையில் தீப்பிடித்தால் போனில் கூப்பிடுவோம் என்று சொல்லுங்கள். ராத்திரிக் காவல் தேவைப்படும் வேலையென்றால் வாரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்து, மற்றவர்களை விடுவித்துவிடுங்கள். ஒருவர் விழித்திருக்கிறார் என்று தெரிந்தால் மற்றவர்கள் தூங்குவார்கள், நீங்களும்தான்.

அப்புறம் உங்கள் மேலாளரிடம் ஒரு கேள்வி. "நான் ராத்திரி மெயில் பார்க்கணுமா?" என்று கேட்காதீர்கள். அதற்கு யாரும் ஆமாம் என்று சொல்லமாட்டார்கள், பார்த்தால் நல்லது என்று இழுப்பார்கள். "எந்தெந்த விஷயத்துக்கு என்னை இரவில் போனில் எழுப்பணும்?" என்று கேளுங்கள். இரண்டு மூன்று சொல்வார். அதையே அன்று மாலை ஒரு மெயிலாக எழுதி அவருக்கு அனுப்பி, கிளையன்ட் பக்கத்துக்கும் ஒரு பிரதி போடுங்கள். அப்ரைசல் நேரத்தில் யாராவது கிளப்பினால் காட்ட ஒரு தாள் இருக்கும்.

இதைச் சொல்வது எனக்கு எளிது என்று தெரியும். ஒப்பந்த ஊழியர்களுக்கும், வேலை எதுவும் ஒதுக்காமல் பெஞ்சில் போடுவார்களோ என்று பயந்திருப்பவர்களுக்கும் இப்படிக் கேட்கும் தைரியம் வராது, அவர்களைக் கேள் என்று சொல்ல எனக்கு வாயும் வராது. உங்களுக்குக் கொஞ்சம் இடம் இருக்கிறது, அதனால்தான் சொல்கிறேன்.

வேலையை விடுவது பற்றி இப்போது நான் ஒன்றும் சொல்வதாக இல்லை. எப்போதும் கூப்பிட்ட குரலுக்கு இருக்கவேண்டும் என்று மேலாளர் எழுத்திலேயே பதில் தந்தால் அப்போது மறுபடி எழுதுங்கள். அது வேறு கடிதம்.