பேபி அல்பாகா நூல் குத்துவது ஏன்?

குத்துவது பெரும்பாலும் நடுவில் கலந்திருக்கும் தடித்த முடிதான். சென்னை எம்.சி. ரோட்டில் வாங்கிய 'பேபி அல்பாகா' நூலில் (அல்பாகா என்பது ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்த தென் அமெரிக்க விலங்கு) தொப்பி பின்னியதும் குழந்தையின் நெற்றி சிவந்தது என்றீர்கள். அதை மட்டும் வைத்து லேபிள் பொய் என்று சொல்லிவிட முடியாது.

'பேபி' என்பது குட்டியின் முடி அல்ல, தரத்தின் பெயர். இழையின் சராசரித் தடிமன் சுமார் 22 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). வளர்ந்த விலங்கிடமும் கிடைக்கும். குட்டிக்குப் பெயர் 'கிரியா'. சிக்கலே அந்தச் சராசரியில்தான். 30 மைக்ரானைத் தாண்டிய இழைகள் நூற்றுக்கு ஐந்து இருந்தாலே தோல் உறுத்தும். கால், நெஞ்சுப் பகுதி முடியைச் சரியாகப் பிரித்தெடுக்காவிட்டால் இப்படி ஆகும்.

ஒரு சாண் நூலை முறுக்குப் பிரித்து, வெளிச்சத்தில், நூலுக்கு எதிர் நிறத் துணிமேல் பரப்புங்கள். மற்ற இழைகள் நெளிநெளியாக இருக்க, இடையிடையே விறைப்பாக நேராக நிற்பவைதான் தடித்த முடி. அல்பாகாவில் 'சூரி' என்ற வகையின் முடி இயல்பிலேயே நேராக, பளபளப்பாக இருக்கும். அதில் விறைப்பை மட்டும் பாருங்கள்.

அப்புறம், ஒரு துண்டை இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். உருகிக் கெட்டி மணியானால் செயற்கை இழை கலந்திருக்கிறது. முடி கருகும் வாடையோடு சாம்பல் உதிர்ந்தால் விலங்கு முடி. ஆனால் ஆடா அல்பாகாவா என்று இதில் தெரியாது.

இன்னொன்று: அல்பாகா நல்ல சூடு தரும். தண்டையார்பேட்டைப் புழுக்கத்தில் அது வேர்க்குருவாகவும் இருக்கலாம். சிவப்பு அடங்கும்வரை தொப்பி வேண்டாம். அடங்காவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.